கார் ராலிக்கு என்ன ஆயிற்று?

"ராலி" என்றால் நம் ஊர்ப் பெரியவர்களுக்குச் சைக்கிள்தான் நினைவுக்கு வரும். இது அந்த ராலி அல்ல. கார் ராலி.

வட்டமான பாதையில் சுற்றிச் சுற்றி ஓடும் பந்தயம் அல்ல இது. ஊருக்கு ஊர் போகும் சாலைதான் பந்தயச் சாலை. காட்டுப் பாதை, மலைப் பாதை, சேறு, பனி, புழுதி எதையும் விடமாட்டார்கள். எல்லாக் கார்களும் ஒன்றாகப் புறப்படுவதில்லை. ஒன்று போன பிறகு, சற்று நேரம் கழித்து அடுத்தது போகும். யார் குறைந்த நேரத்தில் போய்ச் சேருகிறாரோ, அவருக்கே வெற்றி.

ஒவ்வொரு காரிலும் இரண்டு பேர். ஒருவர் ஓட்டுவார். மற்றவர் பக்கத்தில் உட்கார்ந்து, நோட்டுப் புத்தகத்தைப் பார்த்து உரக்கப் படித்துக்கொண்டே வருவார். "நூறு மீட்டரில் வலது வளைவு. அடுத்து மேடு. மேடு தாண்டியதும் இடது வளைவு..." பந்தயத்துக்கு முன்பே இருவரும் அதே சாலையில் மெதுவாகப் போய் எழுதி வைத்துக்கொண்ட குறிப்பு அது. படிப்பவர் ஒரு வரியை விட்டுவிட்டால் போதும், கார் மரத்தில் போய் மோதும்!

இந்தப் பந்தயத்தைப் பார்க்க ஒரு காலத்தில் ஐரோப்பாவில் லட்சக்கணக்கான ஜனங்கள் கூடினார்கள். டிக்கெட் கிடையாது, நாற்காலி கிடையாது. சாலை ஓரத்தில் நின்றால் போதும்.

இன்று? மோட்டார் பந்தயம் என்றாலே உலகம் பார்முலா ஒன் பந்தயத்தைப் பற்றித்தான் பேசுகிறது. ராலியை நடத்திக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆனால் பழைய மவுசு இல்லை. பெரிய பெரிய கார்க் கம்பெனிகள் ஒவ்வொன்றாக விலகிப் போய்விட்டன.

ஏன் இப்படி ஆயிற்று? பின்லாந்து நாட்டில் இரண்டு குடும்பங்கள். இரண்டிலும் அப்பாவும் ராலி வீரர், மகனும் ராலி வீரர். அவர்கள் கதையைச் சொன்னால் பாதி விடை கிடைத்துவிடும்.

அடுத்த வீட்டுக் கார்

ராலிக்குத் தாய்வீடு மான்டி கார்லோ. பிரான்சுக்குப் பக்கத்தில், கடலோரத்தில் உள்ள மொனாக்கோ என்ற குட்டி நாட்டில் இருக்கிறது. 1911-ல் அங்கே முதல் ராலி நடந்தது. ஐரோப்பாவின் பல நகரங்களிலிருந்து கார்கள் கிளம்பி, குளிர்காலத்துப் பனியில் மான்டி கார்லோவுக்கு வந்து சேர வேண்டும். அதுதான் பந்தயம்.

1964-ல் அந்த ராலியில் ஜெயித்த கார் எது தெரியுமா? "மினி". கடைக்குப் போகவும், பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடவும் இங்கிலாந்துக் குடும்பங்கள் வைத்திருந்த சின்னஞ்சிறு கார்! பந்தயக் காரின் எஞ்சினுக்கு வலு கூட்டியிருந்தார்கள். ஆனாலும் பார்ப்பதற்கு அதே கார்தான். பெரிய கார்களை அது மண்ணைக் கவ்வ வைத்தது. "நம் வீட்டு வாசலில் நிற்கும் கார் அல்லவா!" என்று மினி வைத்திருந்தவன் எல்லாம் காலரைத் தூக்கி விட்டுக்கொண்டான்.

ராலியின் மந்திரமே இதில்தான் இருந்தது. தெரிந்த சாலை, தெரிந்த கார், கை நீட்டினால் தொடும் தூரம்.

1966-ல் ஒரு கலாட்டா. மினி கார்கள்தான் முதல் மூன்று இடங்களையும் பிடித்தன. ஆனால் முன்விளக்கு விதிப்படி இல்லை என்று சொல்லி மூன்றையும் தள்ளிவிட்டார்கள். நான்காவது வந்த காரும் அதே விளக்கு விவகாரத்தில் போயிற்று. ஐந்தாவதாக வந்தவருக்குக் கோப்பை! அவர் பெயர் பௌலி டோய்வோனன். பின்லாந்துக்காரர். அப்படிக் கிடைத்த வெற்றி யாருக்குத்தான் இனிக்கும்?

அந்த பௌலிக்கு ஒரு மகன். பெயர் ஹென்றி. அப்போது சின்னப் பையன். அவன் கதைக்குப் பிறகு வருவோம்.

சேற்றில் ஒரு சர்தார்ஜி

அதற்குள் ஆப்பிரிக்காவுக்கு ஒரு நடை போய்வர வேண்டும். "சபாரி ராலி" 1953-ல் அங்கே தொடங்கியது. இங்கிலாந்து ராணி எலிசபெத்தின் முடிசூட்டு விழாவை ஒட்டி ஆரம்பித்த பந்தயம் இது. கென்யா, உகாண்டா, தங்கனிக்கா மூன்று நாடுகளையும் சுற்றி வர வேண்டும். மழை பெய்தால் சாலை முழுவதும் சேறு. குறுக்கே மாடு வரும், ஒட்டகச்சிவிங்கியும் வரும். 1968-ல் தொண்ணூறுக்கும் மேற்பட்ட கார்கள் புறப்பட்டன. வந்து சேர்ந்தவை எத்தனை? ஏழே ஏழு!

அந்த ஏழு பேரில் ஒருவர் ஜோகிந்தர் சிங். கென்யாவில் பிறந்த சீக்கியர். 1965-ல் யாரோ ஓட்டிப் பழசாகிப்போன வால்வோ காரை வாங்கி, தம்பி ஜஸ்வந்த் சிங்கைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, சபாரி ராலியில் ஜெயித்துக் காட்டியவர். பிறகு 1974, 1976 ஆண்டுகளிலும் ஜெயித்தார். இன்னொரு இந்திய வம்சாவளிக்காரர் சேகர் மேத்தா இந்த ராலியில் 5 முறை வெற்றி பெற்றார். பழைய கார் வாங்கிய ஒரு மனிதர் உலகப் புகழ் பெற ராலியில் இடம் இருந்தது.

வேகம் கூடியது

1973-ல் ராலிக்கு உலகச் சாம்பியன் பட்டப் போட்டி ஏற்பட்டது. கம்பெனிகள் போட்டி போட்டுக்கொண்டு பணத்தைக் கொட்டின. 1981-ல் ஜெர்மனியின் ஆடி கம்பெனி, நான்கு சக்கரங்களுக்கும் எஞ்சின் வலுவைக் கொடுக்கும் குவாட்ரோ காரைக் களத்தில் இறக்கியது. அந்தக் காரை ஓட்டி அதே ஆண்டு இத்தாலியில் முதல் இடம் பிடித்தவர் ஒரு பெண். பிரான்ஸ் நாட்டு மிஷேல் மூத்தோன். பக்கத்தில் குறிப்பு படித்தவரும் பெண்தான். உலக ராலியில் ஒரு பெண் ஜெயித்தது அதுவே முதல் தடவை. 1982-ல் அவர் 3 போட்டிகளில் ஜெயித்து, பட்டியலில் இரண்டாவது இடத்துக்கு வந்தார்.

இதே சமயத்தில் "குரூப் பி" என்று ஒரு விதி வந்தது. 200 கார் செய்து காட்டினால் போதும், எப்பேர்ப்பட்ட காரையும் பந்தயத்துக்குக் கொண்டு வரலாம். கம்பெனிகள் சும்மா இருக்குமா? எடையைக் குறைத்தார்கள். வலுவைக் கூட்டினார்கள். சில கார்களின் வலு 500 குதிரைச் சக்தியைத் தொட்டது. நெருப்பைக் கக்கிக்கொண்டு கார்கள் பறந்தன.

ஜனங்களுக்கு வெறி பிடித்தது. சாலையின் நடுவிலேயே நிற்பார்கள். கார் பக்கத்தில் வரும்போது விலகுவார்கள். ஓடும் காரைத் தொட்டுப் பார்ப்பது ஒரு வீரம்! கூட்டம்தான் சாலை. அது பிளந்து வழிவிடும் என்று நம்பித்தான் காரை ஓட்ட வேண்டும்.

கரணம் தப்பினால் மரணம். 1986 மார்ச் மாதம், போர்ச்சுகலில் கரணம் தப்பியது. ஒரு கார் கட்டுப்பாடு இழந்து கூட்டத்துக்குள் பாய்ந்தது. 3 பேர் இறந்தார்கள். முப்பதுக்கும் மேற்பட்டோர் காயம் அடைந்தார்கள். "இனி ஓட்டமாட்டோம்" என்று கம்பெனி வீரர்கள் அந்தப் போட்டியிலிருந்து விலகினார்கள்.

விலகியவர்களில் ஒருவர், நாம் முன்பு பார்த்த பௌலியின் மகன் ஹென்றி டோய்வோனன்.

அதே தேதி, அதே தீவு

ஹென்றி பெரிய வீரராக வளர்ந்திருந்தார். 1980-ல் இங்கிலாந்து ராலியில் ஜெயித்தபோது அவருக்கு வயது 24. அவ்வளவு இளம் வயதில் உலகப் போட்டி ஒன்றில் அதுவரை யாரும் ஜெயித்ததில்லை. 1986 ஜனவரியில் மான்டி கார்லோ ராலியிலும் முதலில் வந்தார். இருபது ஆண்டுகளுக்கு முன் அப்பாவுக்கு விதிப் புத்தகத்தால் கிடைத்த கோப்பையை, மகன் ஓட்டியே வாங்கினார்.

மே மாதம் கோர்சிகா தீவில் ராலி. முந்தைய ஆண்டு, 1985 மே 2-ந்தேதி, அதே தீவில் லான்சியா காரை ஓட்டிய இத்தாலிய வீரர் அட்டிலியோ பெட்டேகா விபத்தில் இறந்திருந்தார். அவருடைய கார் எண் 4.

1986 மே 2-ந்தேதி. ஹென்றியும் லான்சியா காரில் போனார். கார் எண் 4. உடம்பு சரியில்லை. ஆனாலும் முன்னணியில் இருந்தார். மலைச்சாலையில் ஓர் இடது வளைவு. கார் சாலையை விட்டுப் பாய்ந்து பள்ளத்தில் விழுந்தது. பெட்ரோல் டாங்க் வெடித்துத் தீப்பிடித்தது. ஹென்றியும், பக்கத்தில் இருந்த செர்ஜியோ கிரெஸ்டோவும் கருகிப்போனார்கள். விழுந்ததைப் பார்த்த மனிதர் ஒருவர்கூட இல்லை. ஹென்றிக்கு வயது 29.

குரூப் பி கார்களுக்குத் தடை வந்தது. 1987 முதல் உலகப் பட்டப் போட்டியில் அந்தக் கார்கள் இல்லை.

கயிறு கட்டினார்கள்

உயிர்தான் பெரிது. அதில் இரண்டு பேச்சுக்கு இடம் இல்லை. தடை விதித்தது சரியே. பிறகு வந்த ஆண்டுகளில் கூட்டத்தைக் கயிற்றுக்குப் பின்னால் தள்ளி நிறுத்தினார்கள். தூரத்தைக் குறைத்தார்கள். ஒரே ஊரில் முகாம் போட்டு, பக்கத்துச் சாலைகளில் மட்டும் ஓட்டினார்கள். மூன்று நாடுகளைச் சுற்றிய சபாரி ராலி 2002-க்குப் பிறகு உலகப் போட்டியிலிருந்தே போய்விட்டது. 2021-ல் திரும்பி வந்தபோது பந்தயத் தூரம் சுமார் 320 கிலோமீட்டர்தான்.

ஆனால் ராலியின் பழைய மந்திரம் நெருக்கம்தானே? ஆபத்தைத் தள்ளி வைக்கும்போது, கூடவே நெருக்கமும் தள்ளிப் போயிற்று.

உடனே எல்லாம் போய்விடவில்லை. 1990-களில் இன்னொரு நல்ல காலம் வந்தது. அப்போது கடையில் ஆயிரக்கணக்கில் விற்கும் காரைத்தான் பந்தயத்துக்குக் கொண்டு வர வேண்டும் என்று விதி. ஜப்பானின் சுபாருவும் மிட்சுபிஷியும் மோதின. ஸ்காட்லாந்து வீரர் காலின் மெக்ரே 1995-ல் சுபாருவில் சாம்பியன் ஆனார். அடுத்த 4 ஆண்டுகளும் மிட்சுபிஷி லான்சரை ஓட்டிய டாமி மேக்கினன் சாம்பியன். லான்சர் என்றதும் உங்களுக்கும் ஞாபகம் வருகிறதா? 1998 முதல் நம் திருவள்ளூர் தொழிற்சாலையில் தயாராகி ஓடிய அதே லான்சரின் முரட்டு அண்ணன்தான் அது!

1997-ல் விதி தளர்ந்தது. பந்தயக் காரைப் போலவே ஒரு காரைக் கடையில் விற்க வேண்டிய கட்டாயம் போயிற்று. பந்தயக் கார் வேறு, வீட்டுக் கார் வேறு என்று ஆயிற்று. கம்பெனிக் கணக்குப்பிள்ளை கேட்கமாட்டாரா, "இவ்வளவு செலவு எதற்கு?" என்று. 2005-ல் மிட்சுபிஷியும் பிஜோவும் விலகின. 2008-ல் சுபாரு. 2012-ல் போர்டு தன் நேரடி அணியை எடுத்துக்கொண்டது. 2016-ல் போக்ஸ்வேகன், 2019-ல் சிட்ரோயன். 2025-ல் முதல் வகுப்பில் இருந்தவை டொயோட்டா, ஹூண்டாய், போர்டு காரை ஓட்டும் ஒரு தனியார் அணி ஆகிய மூன்றுதான்.

இன்னொரு வேடிக்கை. 2004 முதல் 2018 வரை 15 ஆண்டுகள் உலகச் சாம்பியன் பெயர் "செபாஸ்டியன்"தான்! முதல் 9 ஆண்டுகள் செபாஸ்டியன் லோப். அடுத்த 6 ஆண்டுகள் செபாஸ்டியன் ஓஜியே. இருவரும் பிரெஞ்சுக்காரர்கள். அபாரமான வீரர்கள், சந்தேகமே இல்லை. ஆனால் முடிவு தெரிந்த நாடகத்துக்கு யார் வருவார்கள்?

டெலிவிஷனும் கை கொடுக்கவில்லை. பார்முலா ஒன் பந்தயத்தில் கார்கள் பக்கத்தில் பக்கத்தில் ஓடும். யார் முந்துகிறார் என்று குழந்தைக்கும் தெரியும். ராலியில் கார் தனியாகப் போகும். எதிரி யார்? கடிகாரம்! அதுவும் மூன்று நான்கு நாள் நடக்கும். வீட்டில் உட்கார்ந்து அத்தனை நேரம் யார் பார்ப்பது?

ராலியைக் கொண்டாடிய இங்கிலாந்திலேயே 2019-க்குப் பிறகு உலகப் போட்டி நடக்கவில்லை. வேல்ஸ் பகுதியைச் சேர்ந்த எல்பின் எவன்ஸ் 5 முறை உலகப் போட்டியில் இரண்டாவது இடம் பிடித்தவர். 2025-லும் அவர்தான் இரண்டாவது. சொந்த ஊர்க் காட்டுச் சாலையில் ஓட்டிக் காட்ட அவருக்கு ஒரு போட்டி இல்லை.

இரண்டாவது மகன்

இப்போது இரண்டாவது குடும்பம். ஹாரி ரோவன்பெரா பின்லாந்து வீரர். 2001-ல் ஸ்வீடன் ராலியில் ஜெயித்தவர். அவருடைய மகன் காலே. எட்டு வயதிலேயே உறைந்த ஏரியின்மேல் காரைச் சுழற்றி ஓட்டிய பையன். அந்தப் படத்தை உலகமே பார்த்து வியந்தது.

இளம் வயது வெற்றி என்று ஹென்றி டோய்வோனன் வைத்த சாதனை 28 ஆண்டுகள் நின்றது. 2008-ல் 22 வயது லாட்வாலா அதை முறியடித்தார். அவரும் பின்லாந்துக்காரர்தான். 2021-ல் காலே அதையும் உடைத்தார். அப்போது வயது 20. அடுத்த ஆண்டு, 22-வது பிறந்தநாளுக்கு மறுநாள், உலகச் சாம்பியன். 2023-ல் மறுபடியும் சாம்பியன்.

இத்தனை சின்ன வயது, இத்தனை திறமை. ராலிக்கு மீண்டும் கூட்டம் சேர்க்கப் பிறந்த பிள்ளை என்று எல்லோரும் நம்பினார்கள். 2025 ஆகஸ்டில் தன் சொந்த நாட்டு ராலியில் முதல் முறையாக ஜெயித்தார். உலக ராலி வரலாற்றிலேயே மிக வேகமான போட்டி அதுதான். சராசரி வேகம் மணிக்குக் கிட்டத்தட்ட 130 கிலோமீட்டர்!

அக்டோபரில் காலே ஓர் அறிவிப்பு வெளியிட்டார். அந்த ஆண்டோடு ராலியை விடுகிறார். ஜப்பானுக்குப் போய், வட்டப் பாதையில் ஓடும் பந்தயத்தில் சேரப் போகிறார். அப்போது அவருக்கு வயது 25.