அழுதுவிட்டு விளையாடப் போகும் குழந்தை

1906 ஏப்ரல் 19. மழையில் நனைந்திருந்த பாரிஸ் தெரு ஒன்றைக் கடக்கும்போது, இயற்பியலாளர் பியர் கியூரி குதிரைவண்டிச் சக்கரத்தில் சிக்கி இறந்தார். மூத்த மகள் ஐரீனுக்கு அப்போது 8 வயது. அப்பாவுக்குத் தலையில் அடிபட்டிருக்கிறது என்று மட்டும் சொல்லி, அவளை அண்டை வீட்டில் விட்டிருந்தார்கள். அடக்கம் முடிந்த பிறகுதான் மேரி கியூரி மகளிடம் உண்மையைச் சொன்னார். முதலில் அவளுக்குப் புரியவில்லை. பிறகு நிறைய அழுதாள். அப்புறம் தோழிகளோடு விளையாடப் போய்விட்டாள். மேரியே இதைத் தன் குறிப்பேட்டில் எழுதிவைத்திருக்கிறார்.

துக்க வீட்டில் இப்படி ஒரு குழந்தையைப் பார்த்தால், "பச்ச மண்ணு, அதுக்கு என்ன தெரியும்" என்கிறோம். அதற்குத் தெரியும். பெரியவர்களின் துக்கம் அடைமழை என்றால், குழந்தையின் துக்கம் விட்டுவிட்டுப் பெய்கிற மழை.

இழப்பை நினைத்து உருகுவதும், அன்றாட வேலைக்குத் திரும்புவதுமாக மனம் மாறி மாறிப் போய்வருவதுதான் ஆரோக்கியமான துக்கம் என்று 1999-இல் விளக்கினார்கள் நெதர்லாந்து உளவியலாளர்கள் மார்கரெட் ஸ்ட்ரோபும் ஹெங்க் ஸ்குட்டும். குழந்தைகளிடம் இந்த மாற்றம் இன்னும் வேகமாக நடக்கிறது. விளையாட்டு அவர்களுக்கு மறதி அல்ல, மூச்சு வாங்கும் நேரம்.

உண்மையைச் சொல்லலாமா?

இறந்தவர் திரும்பி வரமாட்டார், இறந்த உடலுக்கு வலியோ பசியோ கிடையாது, எல்லோரும் ஒருநாள் இறப்போம். இந்த மூன்றும் பெரும்பாலான குழந்தைகளுக்கு 5 முதல் 7 வயதுக்குள் புரியத் தொடங்குவதாக 1984-இல் வந்த ஆய்வுத் தொகுப்பு ஒன்று சொல்கிறது. அதற்கும் சின்னக் குழந்தையிடம் "அப்பா ஊருக்குப் போயிருக்கார்" என்றால், அது வாசலைப் பார்த்துக்கொண்டே இருக்கும். "அப்பா செத்துப்போயிட்டார், இனி வரமாட்டார், நான் உன்கூடவே இருக்கேன்" என்று நேராகச் சொல்வதுதான் நல்லது.

மன உரம் எங்கிருந்து வருகிறது?

"இனி நீதான் வீட்டுக்குப் பெரியவன், அழக்கூடாது" என்று பத்து வயதுப் பையனின் தோளில் பாரத்தை ஏற்றுகிறோம். மன உரம் குழந்தைக்குள் ஏற்கெனவே இருக்கும், தட்டி எழுப்பினால் போதும் என்ற நம்பிக்கை அது. ஆய்வுகள் வேறு இடத்தைக் காட்டுகின்றன.

அமெரிக்காவின் பாஸ்டன் வட்டாரத்தில் தாயையோ தந்தையையோ இழந்த 125 பிள்ளைகளை, ஃபில்லிஸ் சில்வர்மனும் வில்லியம் வோர்டனும் இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். பிள்ளை எப்படித் தேறுகிறது என்பதைத் தீர்மானிப்பதில் முதலிடம், உயிரோடு இருக்கும் பெற்றோர் எப்படி இருக்கிறார் என்பதற்கே. இறந்த அப்பாவோடு மனதுக்குள் பேசுவதும், அவர் சட்டையைப் பத்திரப்படுத்துவதும் பல பிள்ளைகளிடம் இருந்தன. அவை நோயின் அறிகுறி அல்ல என்பதையும் இந்த ஆய்வு உணர்த்தியது.

அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இர்வின் சாண்ட்லர் குழு ஒரு படி மேலே போனது. இழப்பைச் சந்தித்த 156 குடும்பங்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குப் புத்தகங்கள் மட்டும். மறு பிரிவுக்கு 12 குழு அமர்வுகள். அங்கே கற்றுக்கொடுத்தவை எளியவை: பிள்ளையோடு தனியாகக் கொஞ்ச நேரம், குறுக்கிடாமல் கேட்பது, வீட்டு ஒழுங்கைக் கைவிடாமல் இருப்பது. ஆறு ஆண்டுகள் கழித்தும் பலன் தெரிந்தது. பதினைந்து ஆண்டுகள் கழித்தும், பயிற்சி பெற்ற குடும்பத்துப் பிள்ளைகளிடம் தற்கொலை எண்ணம் குறைவாக இருந்தது.

ஐரீனின் வீட்டில் அந்த ஒழுங்கு இருந்தது. மகனைப் பறிகொடுத்த தாத்தா யூஜின் கியூரி பேத்திகளுக்குத் துணையாக இருந்தார். மேரி தினமும் பாடத்துக்கும் உடற்பயிற்சிக்கும் நேரம் ஒதுக்கினார். பிரிந்திருந்த நாட்களில் மகளுக்குக் கடிதத்தில் கணக்குகள் அனுப்பினார். அந்த மகள் 1935-இல் வேதியியல் நோபல் பெற்றார்.

எல்லாப் பிள்ளைகளும் தாமாகத் தேறுவதில்லை. பெற்றோரைத் திடீரென இழந்தவர்களில் சுமார் பத்தில் ஒருவருக்கு, ஏறக்குறைய மூன்று ஆண்டுகளாகியும் துக்கத்தின் கடுமை குறையவில்லை என்கிறது அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் நடந்த ஓர் ஆய்வு. தூக்கமும் படிப்பும் மாதக்கணக்கில் குலைந்திருந்தால், வாழப் பிடிக்கவில்லை என்று பிள்ளை சொன்னால், மனநல மருத்துவரிடம் உடனே அழைத்துப் போக வேண்டும்.

நம் ஊரில் பதினாறாம் நாள் காரியம் வரை வீடு நிறைய ஆள் இருக்கும். உறவினர்கள் பஸ் ஏறிய பிறகுதான் அந்தத் தாய்க்கோ தந்தைக்கோ உண்மையான பாரம் தொடங்குகிறது. அப்போது போங்கள். ஒருவேளை சமைத்துக் கொடுங்கள், பிள்ளையைப் பள்ளியில் விட்டு வாருங்கள். பெரியவர் தெம்பாக நின்றால்தான் பிள்ளை எழுந்து நடக்கும்.