ஓய்வும் உடலின் உரிமையே

ஒழுங்காக நடைப்பயிற்சி செய்பவர்களுக்கென்றே ஒரு மன வேதனை உண்டு. நடவாதவர்கள் அதனை அறியமாட்டார்கள். சுபுஹுத் தொழுகை முடிந்ததும் நான்கு மாதங்களாகத் தவறாமல் நடந்து வந்தவர், காய்ச்சலாலோ விருந்தினர் வருகையாலோ ஒரு நாள் நடக்க இயலாமற் போனால், அன்று முழுவதும் ஏதோ குற்றம் புரிந்தவரைப் போல் காணப்படுகிறார். பகலுணவைக் குறைத்துக் கொள்கிறார். மறுநாள் இரு மடங்கு நடந்து 'கடனை' அடைக்க முற்படுகிறார். இல்லையேல், 'விட்டது விட்டதுதான், இனி எதற்கு?' என்று பயிற்சியையே கைவிட்டு விடுகிறார். இந்தக் கடைசி முடிவே நம்மைக் கவலை கொள்ளச் செய்கிறது. ஒரு நாள் ஓய்வினால் எவருக்கும் கேடு வருவதில்லை. அந்த ஓய்வைப் பற்றிய குற்றவுணர்ச்சியினால் ஆறு மாதங்கள் வீணாவதுண்டு.

ராஜபாளையத்திற்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடைப்பட்ட வன்னியம்பட்டிப் பகுதியில், மேற்கே மலைத்தொடர் இன்னும் இருளாய் நிற்கும் வேளையில் சாலையோரம் நடப்பவர்களைக் காணலாம். சர்க்கரை நோய்க்காக மருத்துவர் சொல்லி நடக்கத் தொடங்கியவர்களும் அவர்களில் உண்டு. நாட்டில் பத்துக் கோடிக்கும் அதிகமானோர் நீரிழிவு உடையவர்கள் என்று 2023-இல் வெளிவந்த தேசிய ஆய்வொன்று மதிப்பிட்டிருக்கிறது. அதே ஆண்டு நவம்பரில் தமிழ்நாடு அரசு 'நடப்போம் நலம் பெறுவோம்' என்ற திட்டத்தைத் தொடங்கி, மாவட்டந்தோறும் எட்டுக் கிலோமீட்டர் நடைபாதையை அடையாளம் காட்டியது. நல்ல முயற்சிதான். ஆனால் 'நட, நட' என்று சொல்ல இத்தனை பேர் இருக்க, 'இன்று இரு' என்று சொல்வார் எவருமில்லை.

இப்பகுதியின் நூற்பாலைகளில் பணியாற்றுவோரை எண்ணிப் பாருங்கள். இயந்திர வரிசைகளின் ஊடே ஒரு ஷிப்டு முழுவதும் நின்றும் நடந்தும் வேலை செய்கிறார்கள். இரவு ஷிப்டு முடித்து விடியற்காலையில் வீடு திரும்பும் ஒருவர், 'இன்று வாக்கிங் போகவில்லையே' என்று வருந்துவாராயின் அவ்வருத்தத்திற்குப் பொருளில்லை. அவருக்கு அவ்வேளையில் வேண்டியது உறக்கம். அதிகாலை முதல் அடுப்படியிலும் கிணற்றடியிலும் நின்று, முதியோரைத் தூக்கி உட்கார வைத்து, துணி துவைத்துக் காயப்போடும் இல்லத்தரசியின் உழைப்பையும் எந்தக் கருவி கணக்கிட்டது?

கருவி என்றதும் 'பத்தாயிரம் அடி' என்ற கணக்கு நினைவுக்கு வருகிறது. இன்று கைக்கடிகாரமும் கைப்பேசியும் ஓயாமல் ஓதும் இவ்வெண் எந்த மருத்துவ ஆராய்ச்சியிலும் பிறந்ததன்று. 1965-ஆம் ஆண்டில் ஜப்பானில் யமாசா என்ற நிறுவனம் அடிகளை எண்ணும் சிறு கருவி ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்து, அதற்குப் 'பத்தாயிரம் அடி மானி' என்று பொருள்படப் பெயரிட்டது. விற்பனைக்காகச் சூட்டிய பெயர் காலப்போக்கில் விதியாகிவிட்டது. 2019-இல் அமெரிக்காவில், சராசரி வயது 72 ஆன பதினாறாயிரத்திற்கும் மேற்பட்ட பெண்களை ஆராய்ந்தபோது, நாளொன்றுக்கு ஏறத்தாழ 4400 அடிகள் நடந்தவர்களிடையே, 2700 அடிகளே நடந்தவர்களைவிட மரண விகிதம் குறைந்திருந்தது. 7500 அடிகளுக்கு மேல் அந்நன்மை கூடவில்லை. ஆக, ஒன்பதாயிரத்தோடு நின்ற நாளில் நம் வீட்டுப் பாட்டியார் தலை குனிய வேண்டியதில்லை.

உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் நாட்கணக்கில் பேசவில்லை. வயது வந்தோருக்கு வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான உடலுழைப்பு என்றே கூறுகிறது. நாளுக்கு அரைமணி வீதம் ஐந்து நாட்கள் நடந்தால் 150 நிமிடங்கள் நிறைவாகின்றன. மீதி இரண்டு நாட்களைத் 'தவறவிட்ட நாட்கள்' என்று அழைப்பது கணக்கிலேயே பிழையாகும்.

உடம்பின் இயல்பும் இதற்கு ஒத்திருக்கிறது. பழக்கமில்லாத பளுவைத் தூக்கிய தசையில் மிக நுண்ணிய சேதங்கள் ஏற்படுகின்றன. அதனால் எழும் வலி ஒன்று முதல் மூன்று நாட்களில் உச்சம் பெற்றுப் பின் தணிகிறது. சேதத்தைச் செப்பனிட்டுத் தசையை முன்னிலும் வலுவாக்கும் வேலை, நாம் ஓய்ந்திருக்கும்போதும் உறங்கும்போதும் நடைபெறுகிறது. ஓய்வின்றி ஓட்டப் பயிற்சி செய்வோர்க்கு எலும்பில் கீறல் விழுவதும், உறக்கம் கெடுவதும், திறன் ஏறுவதற்குப் பதிலாக இறங்குவதும் மருத்துவர் அறிந்தவையே. 'ஒரு நாள் விட்டால் சேர்த்ததெல்லாம் போய்விடுமே' என்ற அச்சத்திற்கும் விடையுண்டு. 1984-இல் வெளிவந்த ஆய்வொன்றில், நன்கு பயின்ற வீரர்கள் பயிற்சியை அறவே நிறுத்தியபோது, உடல் பிராணவாயுவைப் பயன்படுத்தும் உச்சத் திறன் 21 நாட்களில் 7 சதவீதமே குறைந்தது. இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியினர் 96 பேரிடம் நடத்திய மற்றோர் ஆய்வு, புதிய பழக்கமொன்று வேரூன்றச் சராசரியாக 66 நாட்கள் ஆவதாகவும், இடையே ஒரு நாள் தவறுவதால் அதற்குக் குறிப்பிடத்தக்க பாதகம் இல்லை என்றும் கண்டது.

நம் மார்க்கம் இதனை நமக்கு முன்பே கற்றுத்தந்திருக்கிறது. பள்ளிவாசலின் இரு தூண்களுக்கிடையே கயிறொன்று கட்டப்பட்டிருப்பதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கண்டு, அது யாதென வினவினார்கள். நின்று தொழும் ஸைனப் (ரலி) அவர்கள், களைப்புறும்போது பற்றிக்கொள்வதற்காகக் கட்டிய கயிறு என்று கூறப்பட்டது. அதனை அவிழ்த்துவிடுமாறு பணித்த நாயகம் (ஸல்) அவர்கள், உற்சாகமுள்ளவரை தொழுது, களைத்தால் அமர்ந்துகொள்ளும்படி உரைத்தார்கள். பகலெல்லாம் நோன்பும் இரவெல்லாம் வணக்கமுமாய் இருந்த அபூதர்தா (ரலி) அவர்களைத் தோழர் ஸல்மான் (ரலி) அவர்கள் வற்புறுத்தி உண்ண வைத்ததும், உறங்க வைத்ததும், நாயகம் (ஸல்) அவர்கள் ஸல்மானின் பக்கமே நியாயம் உரைத்ததும் நாம் அறிந்த வரலாறு. வணக்கத்திலேயே கயிறு அவிழ்க்கப்பட்டதென்றால், வாக்கிங்கிற்கு நாமாகக் கயிறு கட்டிக்கொள்வது எவ்வகை நியாயம்?

இனி, ஓய்வை விரும்பும் நம்மவர்கள் இக்கட்டுரையைக் காட்டி ஒரு மாதம் படுத்துவிடாதிருக்க ஒரு வார்த்தை. உடற்பயிற்சியினால் இன்சுலினுக்கு உடம்பு நன்கு இசைந்து கொடுக்கும் தன்மை ஓரிரு நாட்களுக்குப் பின் மங்கத் தொடங்குகிறது. ஆகவே நீரிழிவு உடையோர் தொடர்ந்து இரண்டு நாட்களுக்கு மேல் பயிற்சியின்றி இருக்க வேண்டாம் என்று அமெரிக்க நீரிழிவுச் சங்கம் அறிவுறுத்துகிறது. ஞாயிறு ஓய்வு என்றால் திங்களன்றோ செவ்வாயன்றோ செருப்பை மாட்டிக்கொள்ள வேண்டும். விட்டதையும் சேர்த்து நடக்க வேண்டியதில்லை. வழக்கமான தூரமே போதும்.

மறுபுறம், கட்டாயமாக நின்றுவிட வேண்டிய நாட்களும் உண்டு. பாதத்தில் கொப்புளமோ சிறு புண்ணோ இருக்கும்போது 'நடை தவறிவிடுமே' என்று நடப்பதைப் போன்ற ஆபத்து நீரிழிவுக்காரருக்கு வேறில்லை. நரம்பு மரத்த காலுக்கு வலி தெரிவதில்லை. புண் ஆழமாகி, கால் விரலை இழப்பதில் முடிந்துவிடக்கூடும். அன்று மருத்துவரிடம் செல்வதுதான் பயிற்சி. காய்ச்சலும் நெஞ்சு வலியும் மயக்கமும் உள்ள நாட்களும் அவ்வாறே. பிரசவித்த தாய்மார்களை 'உடம்பு பெருத்துவிட்டதே' என்று விரட்டாமலிருப்பது வீட்டிலுள்ள மற்றவர்களின் கடமை.

ரமலானில் இக்குற்றவுணர்ச்சி மேலும் வலுப்பெறுவதைப் பார்க்கிறோம். நோன்போடு அஸருக்குப் பின் வேகமாக நடந்து தள்ளாடி விழுபவர்கள் உண்டு. நோன்பு திறப்பதற்கு முந்திய மணிகளில் கடும் பயிற்சி நீரிழிவுக்காரர்க்கு உகந்ததன்று. நின்றும் குனிந்தும் சஜ்தா செய்தும் தொழும் தராவீஹையே அன்றைய பயிற்சியின் பகுதியாகக் கொள்ளலாம் என்று நீரிழிவு மருத்துவர்களின் சர்வதேச வழிகாட்டுதலே கூறுகிறது. சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் நோன்பை முறித்து உடனே இனிப்பு உட்கொள்ள வேண்டும் என்றும் அது கூறுகிறது. நோன்பு திறக்க இன்னும் அரைமணிதானே என்று காத்திருப்பது கூடாது. அந்நோன்பை உடல் தேறியபின் களாச் செய்துகொள்ளலாம்.