திட்டாத பார்ட்னர்!

என்னைத் திட்டாத ஆளே இந்த ஊரில் கிடையாது. பி.காம். முடித்துவிட்டு டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் நாலு கடைக்குக் கணக்கு எழுதுகிறேன். மிச்ச நேரத்தில் பத்திரிகைகளுக்கு எழுதுகிறேன். கணக்கு லேட்டானால் கடைக்காரர்கள் திட்டுவார்கள். கட்டுரை லேட்டானால் உதவி ஆசிரியர் திட்டுவார். வீட்டில் காரணம் எதுவும் தேவையில்லை!

திட்டாத ஒரே ஜீவன், என் செல்போனுக்குள் இருக்கும் பிரிட்ஜ் ரோபோ.

பிரிட்ஜ் என்றதும் மதுரைக்காரர்கள் ஏ.வி. பாலத்தை நினைத்துக்கொள்ள வேண்டாம். இது சீட்டாட்டம். "சீட்டைத் தொடுறவன் வீடு விளங்காதுடா" என்று அம்மா இன்றைக்கும் சொல்வாள். "ரம்மியே திறமை ஆட்டம்தான்னு 1967-லயே சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கும்மா. இது அதுக்கும் மேல" என்பேன். "அந்த ஜட்ஜு வந்து உனக்குப் பொண்ணு தேடிக் குடுப்பாரா?" என்று அந்தக் காலத்தில் மடக்கினாள். 2018-ல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் 60 வயது பிரணாப் பர்தனும் 56 வயது ஷிப்நாத் சர்க்காரும் இதே சீட்டை வைத்துக்கொண்டு இந்தியாவுக்குத் தங்கப் பதக்கம் வாங்கினார்கள். அதற்கப்புறம்தான் அம்மாவின் குரல் கொஞ்சம் இறங்கியது.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு ஒரு நிமிஷம். நாலு பேர். எதிரும் புதிருமாக உட்காருகிற இரண்டு பேர் ஒரு கட்சி. ஆளுக்கு 13 சீட்டு. ஒவ்வொருவரும் ஒரு சீட்டுப் போட்டால் ஒரு சுற்று. அதை ஜெயித்தால் ஒரு ட்ரிக். மொத்தம் 13 ட்ரிக். 'இத்தனை ட்ரிக் எடுக்கிறேன், இதுதான் துருப்பு' என்று முதலில் ஏலம். கேட்டதை எடுத்தால் லாபம், எடுக்காவிட்டால் நஷ்டம். ஏஸுக்கு 4, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2, ஜாக்கிக்கு 1 என்று பாயிண்ட் போட்டுக் கையின் பலத்தை எடை போடுவார்கள்.

முக்கியமான சட்டம் ஒன்று உண்டு. என்னிடம் என்ன இருக்கிறது என்று பார்ட்னரிடம் வாயால் சொல்லக் கூடாது. கண்ணடிக்கக் கூடாது, இருமக் கூடாது. ஏலத்தில் கேட்கும் கேள்வியாலும், ஆட்டத்தில் போடும் சீட்டாலும் மட்டுமே பேசலாம். எதிராளியும் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருப்பான்.

என் பார்ட்னர், திருநகரில் இருக்கும் ஒரு ரிட்டயர்டு பேங்க் மேனேஜர். எழுபது தாண்டியவர். எனக்கு 'சார்'. அவருக்கு நான் 'தம்பி'. எனக்கு இந்த ஆட்டத்தைச் சொல்லிக் கொடுத்ததே அவர்தான். எட்டு வருஷம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கிளப்பில் சேர்ந்து ஆடினோம். 2020 மார்ச் முதல் வாரம் அது முறிந்தது. ஒரே ஒரு சீட்டால்!

எதிர்க்கட்சி ஐந்து ஸ்பேட் கேட்டு ஆடியது. 11 ட்ரிக் எடுக்க வேண்டும். நாங்கள் 3 எடுத்தால் கவிழ்த்துவிடலாம். சார் ஹார்ட்டின் போட்டார். என் ஏஸ் ஜெயித்தது. ஒன்று. சார் ஏலத்தில் டைமண்ட் கேட்டிருந்ததால் டைமண்ட் ஏஸ் அவரிடம்தான் என்று ஊகித்து ஒரு டைமண்டைப் போட்டேன். அவர் ஏஸ் ஜெயித்தது. இரண்டு. என் கையில் கிளாவர் ஒன்றுகூட இல்லை. சார் ஒரு கிளாவரைப் போட்டால் துருப்பால் வெட்டுவேன். மூன்று. கதை முடிந்தது!

சார் நிதானமாக யோசித்து, மறுபடி ஹார்ட்டினைப் போட்டார். எதிராளியின் ராஜா அதை வாங்கிக்கொண்டது. அவர்கள் ஜெயித்துவிட்டார்கள்.

நான் கத்தினேன். கிளப்பே திரும்பிப் பார்த்தது. "கிளாவர் என்கிட்ட இல்லைன்னு குழந்தைக்குக்கூடத் தெரியுமே சார்!"

சார் சீட்டை மெதுவாக அடுக்கினார். "உன் கையில என்ன இருக்குன்னு எனக்கு எப்படித் தம்பி தெரியும்?" அவ்வளவுதான் சொன்னார். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அந்த மாதமே ஊரடங்கு வந்தது. கிளப்பைப் பூட்டினார்கள். நான் போன் செய்யவில்லை. அவரும் செய்யவில்லை. 'தப்பு அவருது, அவரே பேசட்டும்' என்று இருந்தேன்.

கை அரித்தது. போனில் ஒரு பிரிட்ஜ் புரோகிராமை இறக்கினேன். பார்ட்னரும் ரோபோ, எதிராளிகள் இருவரும் ரோபோ. பெயர் வேண்டாம். குறை சொல்லப் போகிறேன்.

முதல் வாரம் சொர்க்கம். ஒருநாள் விரல் தவறி 12 பாயிண்டை வைத்துக்கொண்டு 'ஒரு நோ டிரம்ப்' என்று அழுத்திவிட்டேன். அதற்கு அர்த்தம் 15-லிருந்து 17 பாயிண்ட். என் ரோபோ பார்ட்னர், கல்யாணத் தரகர் சொன்னதை அப்படியே நம்பும் பெண்ணின் அப்பா மாதிரி. தன் 18-ஐயும் என் 'பதினைந்தை'யும் கூட்டி நேரே 6 நோ டிரம்புக்குப் போய் உட்கார்ந்தது. இரண்டு ட்ரிக் குறைந்து தோற்றோம். சாராக இருந்தால் அரை மணி நேரம் லெக்சர். ரோபோ மூச்சு விடவில்லை. 'ஆஹா, இதல்லவோ பார்ட்னர்!' என்றிருந்தது.

போகப் போகத்தான் அதன் கோணங்கிகள் தெரிந்தன.

ஏலம் வழக்கமான தடத்தில் போகும்வரை கெஜட்டட் ஆபீஸர் தோரணைதான். எதிராளி நடுவில் புகுந்து விசித்திரமாக ஏதாவது கேட்டுவிட்டால் போச்சு. கீழமாசி வீதிச் சந்துக்குள் புகுந்த டவுன் பஸ் மாதிரி, பின்னாலும் வர முடியாமல் முன்னால் ஏறிக்கொண்டே போகும். இரண்டில் நிற்க வேண்டியது ஆறில் போய் நிற்கும்.

இன்னொன்று, சீக்கிரம் கை கழுவிவிடும். எப்படிப் போட்டாலும் தோல்விதான் என்று அதற்குத் தோன்றிவிட்டால், வராத கடனைத் தள்ளுபடி செய்கிற மாதிரி ஏஸைக்கூடத் தூக்கிக் குப்பையில் எறியும். எதிராளி தப்புச் செய்யலாமே, நப்பாசையோடு காத்திருக்கலாமே என்கிற எண்ணமே கிடையாது.

எல்லாவற்றையும்விட எரிச்சல், அது எனக்கு எதையும் சொல்லாது. சின்னச் சீட்டுகளில் 2 போட்டாலும் 9 போட்டாலும் அதற்கு ஒன்றுதான். நான் கஷ்டப்பட்டு ஜாடை காட்டினாலும் பார்க்காது.

ஏன் இப்படி? கணக்குப்பிள்ளை புத்தி சும்மா இருக்குமா? தேடிப் படித்தேன்.

ஒருவர் கையில் 13 சீட்டு 63,501 கோடியே 35 லட்சத்து 59 ஆயிரத்து 600 விதமாக வரலாம். செஸ் மாதிரி எல்லாம் கண் முன்னால் கிடையாது. அமெரிக்காவில் மேத்யூ கின்ஸ்பெர்க் என்ற கம்ப்யூட்டர் விஞ்ஞானி 1990-களில் 'ஜிப்' என்ற புரோகிராமை எழுதினார். அது செய்த வேலை சுவாரசியமானது. எதிராளிகளிடம் இன்னின்ன சீட்டு இருக்கலாம் என்று, ஏலத்துக்குப் பொருந்துகிற மாதிரி மனசுக்குள்ளேயே பல தடவை சீட்டுப் போட்டுப் பார்க்கும். ஒவ்வொரு தடவையும் நாலு கையையும் திறந்து வைத்து விடை காணும். எந்தச் சீட்டு அதிகமான தடவை ஜெயிக்கிறதோ அதைப் போடும். இன்றைக்குப் பல ரோபோக்களுக்கு இதுதான் பாலபாடம்.

கோளாறும் அங்கேதான். நாலு கையையும் திறந்து வைத்துப் பார்ப்பதால், அடுத்த சுற்றிலிருந்து எல்லாருக்கும் எல்லாச் சீட்டும் தெரியும் என்ற நினைப்பிலேயே ஆடுகிறது. ஒரு ராணி இடது பக்கம் இருக்கிறதா, வலது பக்கமா என்று கண்டுபிடிக்க வேண்டும் என்றால், மனுஷன் மற்ற சீட்டுகளைப் போட்டுத் துப்புத் துலக்குவான். ரோபோ கவலைப்படாது. 'நேரம் வரும்போது தெரிந்துவிடும்' என்று இருக்கும். முதல் நாள் ராத்திரி வினாத்தாள் கைக்கு வந்துவிடும் என்று நம்பிப் படிக்காமல் திரிகிற பையன்தான்! 1998-ல் இயன் ஃபிராங்க், டேவிட் பேசின் என்ற ஆய்வாளர்கள் இந்தக் கோளாறை அலசி எழுதினார்கள். கின்ஸ்பெர்க்குக்கும் இது தெரியும்.

இதற்காக ரோபோவை முட்டாள் என்று சொல்லிவிட முடியாது. கராச்சியில் பிறந்த உலகப் புகழ் ஆட்டக்காரர் ஜியா மஹ்மூத், தான் பொறுக்கி எடுக்கும் நாலு பேர் அணியைக் கம்ப்யூட்டர் ஜெயிக்க முடியாது என்று 1990-ல் பத்து லட்சம் பவுண்டு பந்தயம் அறிவித்தார். ஜிப்பின் வித்தைகள் வெளியே வந்ததும் 1996-ல் சத்தமில்லாமல் வாபஸ் வாங்கிவிட்டார். 1998-ல் நடந்த ஒரு போட்டியில், சீட்டை ஆடும் திறமையில் உலகின் முன்னணி ஆட்டக்காரர்கள் 34 பேருக்கு நடுவே ஜிப் 12-வது இடம். 2022 மார்ச்சில் பாரீஸில் 'நூக்' என்ற புரோகிராம் எட்டு உலக சாம்பியன்களோடு மோதியது. ஆளுக்கு 100 வீதம் 800 ஆட்டம். 10 ஆட்டம் ஒரு செட் என்று 80 செட்டில் 67-ஐ நூக் ஜெயித்தது.

ஆனால் அங்கே ஏலம் கிடையாது. எல்லா ஆட்டமும் 3 நோ டிரம்ப். யோசித்து ஆட வேண்டிய பார்ட்னரும் கிடையாது. எதிரே தடுத்து ஆடியவையும் ரோபோக்களே. அதாவது, இன்னொரு மனுஷனைப் புரிந்துகொள்ள வேண்டிய வேலையை வெளியே எடுத்து வைத்துவிட்டுத்தான் போட்டியே நடந்தது. ஜியாவும் 1999-ல் ஜிப் உள்ளிட்ட புரோகிராம்களோடு உட்கார்ந்து ஆடியபோது எல்லாவற்றையும் ஜெயித்தார்.

இதையெல்லாம் படித்த இரவு, ரோபோவோடு ஓர் ஆட்டம். என் கையில் கிளாவர்தான் பலம். ரோபோ ஒரு டைமண்டைப் போட்டது. 9. பெரிய சீட்டு. மிச்சமிருக்கும் இரண்டு ஜாதியில் உயர்ந்ததைப் போடு என்று அர்த்தம். சின்னதைப் போட்டால், தாழ்ந்ததைப் போடு என்று அர்த்தம். சார் சொல்லிக் கொடுத்த பழக்கத்தில் ஹார்ட்டினைப் போட்டேன். ரோபோவிடம் ஹார்ட்டினே பலமில்லை. ஆட்டம் போச்சு.

"சனியனே! கிளாவர் வேணும்னா 2 போட வேண்டியதுதானே? உன் கையில என்ன இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்று போனைப் பார்த்துக் கத்தினேன்.

கத்திய அடுத்த நொடி வாய் அடைத்துக்கொண்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் போட்ட டைமண்ட் எது? என் கையில் 9 இருந்தது. 2-ம் இருந்தது. எந்த யோசனையும் இல்லாமல் 9-ஐப் போட்டேன். சார் அதைப் படித்தார். 'ஹார்ட்டின் ராஜாவும் தம்பியிடம்தான்' என்று நம்பி, நான் கேட்டதையே கொடுத்தார். அவர் போட்டது சரி. நான்தான் எல்லாரும் என் கையைப் பார்க்கிறார்கள் என்ற நினைப்பில் ஆடியிருக்கிறேன். ரோபோ மாதிரியே!

மறுநாள் போன் செய்ய நினைத்தேன். கூச்சம். நாள் தள்ளிப்போனது. 2021 மே மாதம், கொரோனா இரண்டாவது அலையில், சார் ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜனில் இருக்கிறார் என்று கிளப் நண்பர் ஒருவர் சொன்னார். அந்தப் பன்னிரண்டு நாளும் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். இனிமேல் சொல்லவே முடியாமல் போய்விடுமோ என்ற பயத்தில் ராத்திரியில் எழுந்து உட்கார்ந்துகொள்வேன். போனைத் திறந்தால் ரோபோ ஆடத் தயாராக இருந்தது. மூடி வைத்துவிட்டேன்.

சார் பிழைத்து வீடு வந்தார். ஊரடங்கு தளர்ந்ததும் திருநகருக்குப் போனேன். வாசல் நாற்காலியில் பாதியாக உட்கார்ந்திருந்தார். நலம் விசாரிப்பதற்குள் கொட்டிவிட்டேன்: "சார், அன்னிக்கு நான் ரெண்டு போட்டிருக்கணும்."

"டைமண்ட்தானே?" என்றார் உடனே. மூச்சு வாங்கியது. நிறுத்தி, "ஒன்பது வந்ததும் எனக்கே சந்தேகம்தான். ஆனா பார்ட்னர் சொன்னா நம்பணும்ல" என்றார்.

பி.காம். படித்தவர்களுக்கு 1932-ம் வருஷத்துப் பார்ட்னர்ஷிப் சட்டம் ஞாபகமிருக்கும். ஒன்பதாவது பிரிவு: கூட்டாளிகள் ஒருவருக்கொருவர் நேர்மையாக இருக்க வேண்டும், உண்மையான கணக்கையும் முழுத் தகவலையும் தர வேண்டும். பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். அர்த்தம் திருநகர் வாசலில்தான் புரிந்தது.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் சாரும் நானும் அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, ஆளுக்கொரு போனை வைத்துக்கொண்டு ஆடுகிறோம். நாங்கள் இருவரும் ஒரு கட்சி. ரோபோக்கள் எதிர்க்கட்சி. பாதி நாள் அவைதான் ஜெயிக்கின்றன.

போன வாரம் ஒரு ராணியைத் தவறவிட்டேன். சார் முக்கால் மணி நேரம் திட்டினார். அம்மா காபி கொண்டு வந்து வைத்துவிட்டு, "பாவம், புள்ளையை விடுங்களேன்" என்றார்கள்.

"நீங்க சும்மா இருங்கம்மா, அவர் திட்டட்டும்" என்றேன்.