மருந்து பாட்டிலில் மீதி என்ன?

1937ஆம் ஆண்டு செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் அமெரிக்காவில் ஒரு திரவ மருந்தைக் குடித்தவர்களில் 105 பேர் இறந்துபோனார்கள். அவர்களில் 34 பேர் குழந்தைகள். மருந்தின் பெயர் 'எலிக்சிர் சல்ஃபனிலமைடு'. பலவகை பாக்டீரியாக்களை உடலுக்குள்ளேயே போய் அடக்கிய முதல் மருந்துக் குடும்பம் சல்ஃபா. அதைச் சேர்ந்ததுதான் சல்ஃபனிலமைடு. இதைக் கேள்விப்படும் யாருக்கும் சட்டென்று தோன்றுவது ஒன்றுதான்: அந்தக் காலத்து மருந்து, சரியாக ஆராயாமல் விற்றிருப்பார்கள், மருந்தே விஷமாகிவிட்டது. பலரும் இன்றுவரை அப்படித்தான் நினைக்கிறார்கள். ஆனால் அந்த 105 பேரைக் கொன்றது சல்ஃபனிலமைடு அல்ல. எது கொன்றது என்று நாம் நிதானமாகப் பார்ப்போம். அதற்கு முதலில் அந்த மருந்தைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

1930களின் தொடக்கத்தில் தொண்டைப் புண்ணோ விரலில் குத்திய ஊசியோ ஓர் ஆளைச் சாகடிக்கப் போதுமானதாக இருந்தது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியா இரத்தத்தில் கலந்துவிட்டால் மருத்துவரால் பக்கத்தில் உட்கார்ந்திருக்கத்தான் முடியும். ஜெர்மனியில் பேயர் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் கெர்ஹார்ட் டோமாக் என்ற மருத்துவர் சாயப் பொருள்களை ஒவ்வொன்றாக எலிகளிடம் சோதித்துக்கொண்டிருந்தார். 1932 டிசம்பரில் ஒரு சிவப்புச் சாயம், சாக வேண்டிய எலிகளைப் பிழைக்க வைத்தது. அதுதான் பிரான்டோசில். ஊசி குத்திச் சீழ்ப்பிடித்து, கையையே எடுக்க வேண்டும் என்ற நிலையில் இருந்த தன் மகளுக்கே டோமாக் அதைக் கொடுத்தார். கை தப்பியது.

லண்டனில் குவீன் ஷார்லட் மருத்துவமனையில் லியோனார்ட் கோல்புரூக் இந்த மருந்தைப் பிரசவக் காய்ச்சலுக்குக் கொடுத்துப் பார்த்தார். நம் ஊரில் பிரசவ ஜன்னி என்பார்களே, அதுதான். அதுவரை அங்கே அந்தக் காய்ச்சல் கண்ட தாய்மாரில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் இறந்துகொண்டிருந்தார். 1936இல் அவர் வெளியிட்ட முதல் கணக்கில், மருந்து கொடுத்த 38 பேரில் இறந்தவர்கள் மூவர். பிள்ளை பெற்ற வீட்டில் சாவு விழுவது சாதாரணம் என்றிருந்த காலத்தில் இந்த எண்களைப் படித்த மருத்துவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

இதற்கிடையில் பாரிஸில் பாஸ்டர் நிறுவனத்து ஆய்வாளர்கள் ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தார்கள். உடலுக்குள் போனதும் அந்தச் சிவப்புச் சாயம் இரண்டாக உடைகிறது. வேலை செய்வது அதிலிருந்து பிரியும் நிறமற்ற சிறு துண்டுதான். அந்தத் துண்டின் பெயர் சல்ஃபனிலமைடு. அதை 1908இலேயே வியன்னாவில் பால் கெல்மோ என்ற மாணவர் தயாரித்திருந்தார். காப்புரிமைக் காலமும் முடிந்துவிட்டது. ஆகவே யார் வேண்டுமானாலும் தயாரிக்கலாம், விலையும் மலிவு. 1936 கடைசியில் அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டின் மகன் கடுமையான தொண்டைத் தொற்றிலிருந்து இந்த வகை மருந்தால் பிழைத்த செய்தி வந்ததும், நாடு முழுக்க எல்லோரும் இதைக் கேட்கத் தொடங்கினார்கள்.

பாக்டீரியாவை அடக்கும் மருந்து நம்மை ஏன் அடக்குவதில்லை? இட்லி மாவை வைத்து இதைப் புரிந்துகொள்ளலாம். உயிரணுக்கள் பெருகுவதற்கு ஃபோலிக் அமிலம் என்ற வைட்டமின் தேவை. பாக்டீரியா அதை வீட்டிலேயே மாவு அரைப்பவரைப் போலத் தானே தயாரித்துக்கொள்கிறது. அதற்கு வேண்டிய உளுந்து, 'பாபா' என்று சுருக்கமாகச் சொல்லப்படும் ஒரு சிறு மூலக்கூறு. சல்ஃபனிலமைடு பார்ப்பதற்கு அந்த உளுந்து போலவே இருக்கும். பாக்டீரியா ஏமாந்து அதை எடுத்துப் போட்டு அரைக்கிறது, மாவு வருவதில்லை. நாமோ கடையில் மாவு பாக்கெட் வாங்குபவர்கள். கீரையிலிருந்தும் பருப்பிலிருந்தும் ஃபோலிக் அமிலத்தைத் தயாராகவே எடுத்துக்கொள்கிறோம். அரைக்காதவர் வீட்டில் போலி உளுந்து என்ன செய்துவிட முடியும்? இந்த 'பாபா' ரகசியத்தை 1940இல் டொனால்ட் வுட்ஸ் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் விளக்கினார். ஒரு மருந்து நோய்க்கிருமியை மட்டும் தாக்கி ஆளை விட்டுவிடுவது எப்படி என்பதற்கு எனக்குத் தெரிந்து இதைவிட அழகான உதாரணம் இல்லை.

அதற்காகச் சல்ஃபனிலமைடு தீங்கே செய்யாதது என்று சொல்லிவிட முடியாது. சிலருக்கு உதடும் நகமும் நீலம் பாரிக்கும். இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினில் ஒரு பகுதி சுமக்க முடியாத வடிவத்துக்கு மாறிவிடுவதால் வரும் நிறம் அது. ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ளவர்களுக்குச் சிவப்பணுக்கள் உடைந்து சோகை வரலாம். அரிதாக வெள்ளையணுக்கள் அபாயமாகக் குறையும். தோலில் தடிப்பும் காய்ச்சலும் வரலாம். மிகச் சிலருக்குத் தோலே உரியும் கடுமையான ஒவ்வாமையும் உண்டு. இதற்குப் பின்வந்த சல்ஃபாபிரிடின், சல்ஃபாதயசோல் போன்றவை சிறுநீரில் சரியாகக் கரையாமல் சிறுநீரகத்திலேயே படிகமாகப் படிந்து அடைத்தன. நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லி அதைச் சமாளித்தார்கள். இன்றும் கோ-ட்ரைமாக்சசோல் மாத்திரை எழுதித் தரும் மருத்துவர் தண்ணீரைப் பற்றிச் சொல்வது அதனால்தான்.

இவை எல்லாம் உண்மையான ஆபத்துகள். ஆனால் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரிபவை, இரத்தப் பரிசோதனையில் பிடிபடுபவை, மருந்தை நிறுத்தினால் பலருக்குச் சரியாகிவிடுபவை. மாத்திரையாகவும் தூளாகவும் ஏராளமானோர் சாப்பிட்டுக் குணமானார்கள். இந்த மருந்தின் கணக்கில் வரவும் உண்டு, செலவும் உண்டு. மருத்துவர்கள் இரண்டையும் பார்த்துக்கொண்டேதான் கொடுத்தார்கள்.

இனி அந்த எலிக்சிருக்கு வருவோம். குழந்தைகளால் மாத்திரை விழுங்க முடியாது. திரவமாகக் கொடுத்தால் நல்லது. சிக்கல் என்னவென்றால் சல்ஃபனிலமைடு தண்ணீரிலும் சாராயத்திலும் லேசில் கரையாது. டென்னஸி மாநிலத்தில் பிரிஸ்டல் ஊரில் இருந்த மாஸங்கில் நிறுவனத்தின் தலைமை வேதியியலாளர் ஹெரால்ட் வாட்கின்ஸ், டைஎத்திலீன் கிளைக்கால் என்ற திரவத்தில் அது நன்றாகக் கரைவதைக் கண்டார். நிறமில்லை, வாசனையில்லை, இனிப்பாக, கொழகொழவென்று இருக்கும். அதில் மருந்தைக் கரைத்து, ராஸ்பெரி சுவை சேர்த்து, நிறமும் மணமும் ருசியும் சரியாக இருக்கின்றனவா என்று சோதித்தார்கள். உடம்புக்கு என்ன செய்யும் என்று ஓர் எலிக்குக்கூடக் கொடுத்துப் பார்க்கவில்லை. பாட்டிலில் சல்ஃபனிலமைடு ஏறக்குறைய 10 சதவீதம். டைஎத்திலீன் கிளைக்கால் 72 சதவீதம்.

இந்த 72 சதவீதம்தான் கொன்றது. டைஎத்திலீன் கிளைக்கால் தொழிற்சாலைகளுக்கான கரைப்பான். கல்லீரல் அதைச் சிதைக்கும்போது டைகிளைக்காலிக் அமிலம் உண்டாகி, இரத்தத்தை வடிகட்டும் சிறுநீரகத்தின் நுண்குழாய்ச் செல்களில் சேர்ந்து அவற்றை அழிக்கிறது. முதலில் வாந்தி, வயிற்றுவலி. பிறகு சிறுநீர் குறையும். பிறகு முற்றிலும் நின்றுவிடும். நினைவு தப்பும், வலிப்பு வரும். நாள்கணக்கில் நீடிக்கும் கொடிய சாவு. அன்று டயாலிசிஸ் இல்லை, மாற்று மருந்தும் இல்லை. டல்சா நகரில் ஆறு வயது மகளை இப்படிப் பறிகொடுத்த ஒரு தாய் ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டுக்கே கடிதம் எழுதினார்.

எல்லோரும் தடுமாறும் இடத்தில் கொஞ்சம் நிற்போம். இறந்தவர்கள் குடித்த பாட்டிலின் மேல் எழுதியிருந்தது சல்ஃபனிலமைடு. ஆகவே பழி அதன்மேல் விழுந்தது இயல்பே. சிகாகோ பல்கலைக்கழகத்தில் கைலிங் என்ற பேராசிரியரின் குழு இதைப் பிரித்துப் பார்த்தது. சில விலங்குகளுக்கு எலிக்சிரையே கொடுத்தார்கள், சிலவற்றுக்கு வெறும் சல்ஃபனிலமைடு, சிலவற்றுக்கு வெறும் டைஎத்திலீன் கிளைக்கால். எலிக்சிர் குடித்தவையும் கிளைக்கால் குடித்தவையும் ஒரே மாதிரி சிறுநீரகம் கெட்டுச் செத்தன. வெறும் சல்ஃபனிலமைடு தின்றவற்றுக்கு அந்தக் கதி வரவில்லை. அந்தக் குழுவில் எலிகளைக் கவனித்துக்கொண்டிருந்த மாணவி பிரான்சிஸ் கெல்சி. 1960இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையில் அமர்ந்து, தாலிடோமைடு மாத்திரைக்கு அனுமதி தர மறுத்து எத்தனையோ குழந்தைகளைக் காத்தவர் அவர்தான்.

மருந்து என்றால் லேபிளில் பெரிய எழுத்தில் இருக்கும் பெயர் என்று நாம் நினைக்கிறோம். மருத்துவர் சீட்டில் எழுதுவதும் அதைத்தான். ஆனால் சிரப் பாட்டிலில் அந்தப் பெயருக்குரிய பொருள் கொஞ்சம்தான். மீதி முழுவதும் கரைப்பான், இனிப்பு, நிறம், கெடாமல் காப்பது. குழந்தையின் வயிற்றுக்குள் போவது அத்தனையும். "இந்த மருந்து பாதுகாப்பானதா?" என்று கேட்கும்போது நாம் பாதிக் கேள்வியைத்தான் கேட்கிறோம்.

சட்டமும் அன்று அந்த மீதியைப் பற்றிக் கேட்கவில்லை. 1906ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு மருந்தை விற்கும்முன் அது பாதுகாப்பானது என்று நிரூபிக்க வேண்டியதில்லை. எலிக்சிர் என்றால் சாராயம் கலந்திருக்க வேண்டும், இதில் இல்லை. ஆகவே பெயர் தவறு என்ற ஒரே காரணத்தைப் பிடித்துக்கொண்டுதான் அரசு இதைப் பறிமுதல் செய்ய முடிந்தது. கட்டுப்பாட்டுத் துறையின் கள ஆய்வாளர்களும் வேதியியலாளர்களுமான 239 பேரில் ஏறக்குறைய எல்லோரும் கடை கடையாக, வீடு வீடாக அலைந்தார்கள். தயாரித்த 240 காலனில் 234 காலனுக்கு மேல் மீட்டுவிட்டார்கள். அத்தனை உயிரையும் எடுத்தது, மீட்க முடியாமல் போன ஏறக்குறைய 6 காலன். தவறான பெயரிட்டதற்காக நிறுவனம் கட்டிய அபராதம் 26,100 டாலர். 1938 ஜூனில் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட புதிய சட்டம், விற்பனைக்கு முன்பே பாதுகாப்பை நிரூபிக்க வேண்டும் என்றது.

இதோடு முடிந்திருக்க வேண்டும், முடியவில்லை. கிளிசரினும் புரோப்பிலீன் கிளைக்காலும் மருந்தில் சேர்க்கத் தக்கவை. டைஎத்திலீன் கிளைக்கால் அவற்றைப் போலவே தோன்றும், விலை குறைவு. டிரம்மில் வந்ததைச் சோதிக்காமல் ஊற்றினால் வித்தியாசம் தெரியாது. 1973இல் சென்னையில் இப்படி 14 குழந்தைகள் இறந்தார்கள். 1986இல் மும்பையில் ஒரு மருத்துவமனையில் கிளிசரினில் கலந்திருந்த இதே நஞ்சால் 14 நோயாளிகள் இறந்தார்கள். 2022இல் காம்பியாவில் இந்தியாவிலிருந்து போன சிரப்புகளைக் குடித்துச் சிறுநீரகம் கெட்ட குழந்தைகளில் ஏறக்குறைய 70 பேர் இறந்தார்கள். 2025இல் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான ஓர் இருமல் சிரப் மத்தியப் பிரதேசத்தில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகளைக் கொன்றது. அனுமதிக்கப்பட்ட அளவு 0.1 சதவீதம், அதில் இருந்தது 48 சதவீதத்துக்கும் மேல். இதை அறியாமை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 1937 முதலே தெரிந்த நஞ்சு, தெரிந்த சோதனை. செய்யாமல் விட்டிருக்கிறார்கள்.

சோதனை நம் வீட்டில் நடக்கக்கூடியதல்ல. அதை ஆலையும் அரசும்தான் செய்ய வேண்டும், செய்யச் சொல்லி நாம் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். நம்மால் ஆனவை சில உண்டு. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு இருமல், சளி சிரப் கொடுக்கவே கூடாது. ஐந்து வயதுக்குள் பொதுவாகத் தேவையில்லை என்று மத்திய அரசின் சுகாதாரத் துறையே 2025இல் அறிவுறுத்தியிருக்கிறது. கொடுத்தே ஆக வேண்டிய மருந்தென்றால், குழந்தை முழுக்கக் குணமாகும்வரை பாட்டிலையும் பில்லையும் தூக்கிப் போடாதீர்கள். பேட்ச் நம்பர் அதில்தான் இருக்கிறது. சிரப் குடித்த குழந்தை வாந்தி எடுத்து, சிறுநீர் வழக்கத்தைவிடக் குறைந்தால், காலை வரை காத்திருக்காமல் அந்த பாட்டிலையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.