சிலேட்டுப் பாறையில் ஒரு மறுபிறவி

எடைக்கு விற்ற திராட்சை பெயருக்கு விலைபோகத் தொடங்கியதும் பிழைத்தது ஸ்பெயினின் ஒரு மலைநாடு. இப்போது அதைச் சோதிப்பது மழை.

மண் என்று சொல்லிக்கொள்ள அங்கே அதிகம் இல்லை. காலடியில் நொறுங்குவது கறுப்புச் சிலேட்டுக் கல். ஒரு காலத்தில் பள்ளிப் பிள்ளைகள் குச்சியால் எழுதினார்களே, அதே இனம். வெயில் பட்டால் இடையிடையே காக்காப்பொன் மின்னும். செங்குத்தான சரிவு. நின்றால் கால் வழுக்கும். டிராக்டர் ஏறாத இடங்களில் இன்றும் கோவேறு கழுதைதான் ஏர் இழுக்கிறது. சரிவெங்கும் முறுக்கிக்கொண்டு நிற்கும் குட்டையான கறுத்த கட்டைகளைப் புதிதாகப் பார்ப்பவர், பட்டுப்போன மரங்கள் என்றே நினைப்பார். ஆனால் அவை உயிருள்ள திராட்சைச் செடிகள். பலவற்றுக்கு வயது எண்பது, தொண்ணூறு. நூறைத் தாண்டியவையும் உண்டு. இவற்றிலிருந்து பிழியப்படும் சிவப்பு ஒயின்களில் மிகவும் புகழ்பெற்ற 'லெர்மிடா'வின் விலை பாட்டில் ஒன்றுக்கு ஆயிரம் யூரோவைத் தாண்டும். நம் கணக்கில் ஏறத்தாழ ஒரு லட்சம் ரூபாய்.

இடம்: பிரியோராட். ஸ்பெயினின் வடகிழக்கே, கேட்டலோனியாவின் டாரகோனா மாகாணத்தில், பார்சிலோனாவிலிருந்து இரண்டு மணி நேரக் கார் பயணத்தில் உள்ள மலைப்பகுதி. இந்த வட்டாரத்தின் மொத்த ஜனத்தொகை பத்தாயிரத்தைத் தொடாது. ஆனாலும் ஸ்பானிய ஒயின்களுக்கான மிக உயர்ந்த தகுதியை நாட்டில் இரண்டே வட்டாரங்கள்தான் பெற்றிருக்கின்றன. ஒன்று, உலகப் புகழ்பெற்ற ரியோஹா. இன்னொன்று, இந்தப் பிரியோராட். நாற்பது ஆண்டுகளுக்கு முன் இப்படி யாராவது சொல்லியிருந்தால் உள்ளூர்க்காரர்களே சிரித்திருப்பார்கள்.

துறவிகள் வந்தார்கள், போனார்கள்

கதை 12ஆம் நூற்றாண்டில் துவங்குகிறது. மோன்சான்ட் மலையடிவாரத்தில், தேவதூதர்கள் ஏணி வைத்து வானுலகம் ஏறியதை ஓர் ஆட்டிடையன் கண்டானாம். அந்த இடத்தில் 1194ல் கார்த்தூசியன் சபைத் துறவிகள் மடம் கட்டினார்கள். பெயர், ஸ்காலா தெய்: கடவுளின் ஏணி. மடத்தின் தலைவருக்குப் 'பிரையர்' என்று பட்டம். அவருடைய ஆளுகையில் இருந்த ஊர்கள் பிரியோராட் ஆயின. பிரான்சின் தென்பகுதியிலிருந்து வந்த துறவிகள் வழிபாட்டோடு திராட்சை வளர்ப்பையும் வளர்த்தார்கள். அறுநூறு ஆண்டுகளுக்கும் மேலாக இந்த மலைநாட்டின் நிலப்பிரபுக்களும் அவர்கள்தான்.

1835ல் ஸ்பானிய அரசு மடங்களின் சொத்துக்களைப் பறிமுதல் செய்தது. துறவிகள் வெளியேறினார்கள், மடம் சூறையாடப்பட்டது. நிலம் கைமாறியது. ஆனாலும் ஒயின் நிற்கவில்லை. 1860களில் பிரான்சின் திராட்சைத் தோட்டங்களை ஒரு பூச்சி அழிக்கத் துவங்கியபோது, பிரெஞ்சு வியாபாரிகள் ஸ்பெயினுக்கு ஓடி வந்தார்கள். மலைநாட்டில் பணம் புரண்டது.

பூச்சிக்கு எல்லைக்கோடு தெரியாது. வட அமெரிக்காவிலிருந்து வந்த ஃபிலாக்ஸெரா என்ற அந்த வேர்ப்பூச்சி, கண்ணுக்குச் சட்டென்று தெரியாத அளவே உள்ளது. வேரைத் துளைத்துச் சாற்றை உறிஞ்சும், புண்பட்ட வேர் அழுகும், செடி சாகும். 1890களில் அது பிரியோராட்டை எட்டியது. பூச்சியைத் தாங்கும் அமெரிக்க வேர்ச்செடியில் உள்ளூர்த் திராட்சையை ஒட்டுக் கட்டுவது ஒன்றே பரிகாரம். அதற்குப் பணம் வேண்டும், ஆள் வேண்டும். சமவெளிக்காரர்களால் முடிந்தது. ஒவ்வொரு குழியையும் பாறையில் தோண்ட வேண்டிய மலைக்காரர்களில் பெரும்பாலோர் மூட்டை கட்டினார்கள். ரெயுஸிலும் பார்சிலோனாவிலும் தொழிற்சாலைகள் காத்திருந்தன.

மிஞ்சியவர்கள் நட்டவைதான் இன்று 'முதிய கொடிகள்' என்று கொண்டாடப்படுகின்றன. அன்று அவற்றை யாரும் கொண்டாடவில்லை. கூட்டுறவு சங்கங்கள் திராட்சையை எடை போட்டு வாங்கின. அதிலிருந்து வந்த கறுத்த, காரமான ஒயின், வேறு ஊர்களின் வெளிறிய ஒயினுக்கு நிறமும் போதையும் ஏற்றுவதற்காகப் பீப்பாய்க் கணக்கில் அடிமாட்டு விலைக்குப் போனது. 1954ல் பிரியோராட்டின் பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு கிடைத்தும் பெரிய மாற்றம் இல்லை. 1974ல் ஸ்காலா தெய் ஆலை நல்ல ஒயினைப் பாட்டிலில் அடைத்து வழி காட்டியது. ஆனால் பின்தொடர ஆள் இல்லை. 1970களின் இறுதியில் எஞ்சியிருந்த தோட்டங்கள் 600 ஹெக்டேர் அளவுதான்.

ஐந்து பேர், ஒரே ஒயின்

அந்தச் சமயத்தில், எல்லோரும் இறங்கிக்கொண்டிருந்த மலையில் ஒருவர் ஏறினார். பிரெஞ்சு வேர்கள் கொண்ட ஒயின் குடும்பத்தைச் சேர்ந்த ரெனே பார்பியே, 1979ல் கிராடலோப்ஸ் என்ற கிராமத்தை ஒட்டி நிலம் வாங்கினார். பத்தாண்டுகளில் அவரைச் சுற்றி ஒரு சிறு கூட்டம் சேர்ந்தது. ரியோஹாவில் ஒயின் ஆலை நடத்தும் குடும்பத்திலிருந்து வந்து, பிரான்சின் போர்தோவில் தொழில் கற்ற இளைஞர் ஆல்வரோ பலாசியோஸ். சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த டாஃப்னே குளோரியன். உயிரியல் ஆசிரியர் ஜோசப் லூயிஸ் பெரெஸ். கார்லெஸ் பஸ்த்ரானா.

1989 அறுவடையில் இந்த ஐவரும் தங்கள் திராட்சைகளை ஒன்றாகக் கொட்டி, ஒரே ஆலையில் ஒரே ஒயினாகச் செய்து, ஐந்து வெவ்வேறு பெயர்களில் விற்றார்கள். ஆளுக்கொரு ஆலை கட்டப் பணம் இல்லாததால் பிறந்த யோசனை அது. பார்சிலோனாவில் ஒலிம்பிக்ஸ் நடந்த 1992லிருந்து அவரவர் ஒயின் தனித்தனியாக வந்தது. 1993ல் பலாசியோஸ் ஒரு செங்குத்துச் சரிவின் முதிய கொடிகளிலிருந்து லெர்மிடாவை உருவாக்கினார். குளோரியனின் 'குளோஸ் எராஸ்மஸ்' ஒயினின் 2004, 2005 அறுவடைகளுக்கு, அமெரிக்க விமர்சகர் ராபர்ட் பார்க்கர் நிறுவிய 'ஒயின் அட்வகேட்' இதழ் நூற்றுக்கு நூறு மதிப்பெண் கொடுத்தது. நிபுணர்கள் வரைபடத்தில் பிரியோராட்டைத் தேடினார்கள்.

இவர்கள் செய்த மந்திரம்தான் என்ன? பெரிதாக எதுவும் இல்லை. விற்கும் முறையை மாற்றினார்கள். ஒரு பாட்டில் ஒயினுக்கு ஒரு கிலோவுக்குக் குறையாமல் திராட்சை வேண்டும். இந்தச் சரிவில் உள்ள பல கிழட்டுச் செடிகள் ஆண்டு முழுவதும் அந்த ஒரு கிலோவைக் கூடத் தருவதில்லை. எடைக்கு விற்றால் அந்தச் செடி விவசாயிக்குப் பாரம், பிடுங்கிப் போடுவதே லாபம். பாட்டிலின் மேல் தோட்டத்தின் பெயரை எழுதி விற்றாலோ, அதே செடி சொத்து. குறைவாகக் காய்ப்பதே அதன் பெருமை. சில குலைகளுக்குள் செடியின் மொத்தச் சத்தும் அடங்கிவிடுகிறது.

ஒதுக்கப்பட்ட திராட்சை

இன்னொரு பாடமும் மெதுவாகத்தான் புரிந்தது. தொடக்கத்தில் இவர்கள் முழுக்க உள்ளூர்த் திராட்சையை நம்பிவிடவில்லை. உலகச் சந்தையில் மதிப்புள்ள கபெர்னே சோவின்யோன், சிரா போன்ற பிரெஞ்சு ரகங்களையும் நட்டார்கள். காரணம், மலையின் சொந்த ரகங்கள் இரண்டுக்கும் அன்று மரியாதை இல்லை.

முதலாவது, கர்னாச்சா. பிரான்சில் கிரெனாஷ். மெல்லிய தோல், பழுத்தால் சர்க்கரை ஏறிக்கொண்டே போகும், புளிப்பும் நிறமும் குறைவு, காற்றுப் பட்டால் சீக்கிரம் கெடும். ஆனால் வறட்சியைத் தாங்குவதில் சூரன். பந்தல் வேண்டாம், குத்துச்செடியாகத் தன் காலிலேயே நிற்கும். இரண்டாவது, கரின்யேனா. நிறமும் புளிப்பும் துவர்ப்பும் நிரம்பியது. நல்ல மண்ணில் நட்டால் அளவுக்கு மீறிக் காய்த்துச் சுவையை இழக்கும். அதனால் பிரான்சில் மட்டமான ரகம் என்று ஏக்கர் ஏக்கராகப் பிடுங்கப்பட்டது. பிரியோராட்டின் பாறையோ அதை அளவோடு காய்க்க வைத்தது. கர்னாச்சாவின் இனிமையும் கரின்யேனாவின் புளிப்பும் சேர்ந்தபோது ஒன்றின் குறையை மற்றது நிரப்பியது. காலப்போக்கில் பலரும் பிரெஞ்சு ரகங்களைக் குறைத்தார்கள். இன்றைய லெர்மிடா பெரும்பாலும் கர்னாச்சாதான்.

மற்றதைப் பாறை பார்த்துக்கொள்கிறது. உள்ளூரில் 'லிகொரேயா' எனப்படும் இந்தச் சிலேட்டு அடுக்கடுக்காகப் பிளந்திருப்பது. மேற்பரப்பில் தண்ணீர் நிற்காது. வேர் பிளவுகளுக்குள் புகுந்து, பல அடி ஆழத்துக்கு ஈரத்தைத் தேடிப் போகிறது. பகலில் வெயிலைக் குடித்த கறுப்புக் கல் பழத்தை முதிர வைக்கிறது. மலை இரவின் குளிர் புளிப்பைக் காப்பாற்றுகிறது. செப்டம்பர், அக்டோபரில் கையால் பறித்து, புளிக்க வைத்து, பெரும்பாலும் பிரெஞ்சு ஓக் மரப் பீப்பாய்களில் ஓராண்டு, ஒன்றரை ஆண்டு உறங்க விடுகிறார்கள். வெளிவருவது அடர்ந்த நிறமும் 14, 15 சதவீத ஆல்கஹாலும் கொண்ட, கறுத்த பழத்தின் சுவையும் மலை மூலிகையின் வாசமும் உள்ள ஒயின்.

பணம் யாருக்கு?

புகழ் வந்தது, கிராமத்துக்கு என்ன வந்தது? போரேரா என்ற ஊர் ஒரு பதில் தருகிறது. 1994ல் வெள்ளம் அந்த ஊரைப் புரட்டிப்போட்டது. ஃபிராங்கோ ஆட்சிக்கு எதிரான பாடல்களால் கேட்டலோனியாவெங்கும் பெயர்பெற்ற பாடகர் லூயிஸ் யாக், அந்த ஊரோடு உறவு கொண்டவர். ஒரு நண்பரோடு சேர்ந்து அங்கே ஒயின் ஆலை துவக்கினார். ஊரின் கூட்டுறவு சங்கமும் பெரெஸ் குடும்பத்தோடு கைகோத்தது. பிடுங்குவதற்குக் காத்திருந்த கரின்யேனா கிழங்களே ஊரின் பெயரைச் சுமக்கும் ஒயின்களாயின.

இன்று பிரியோராட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட ஒயின் ஆலைகள். தோட்டங்கள் சுமார் 2,000 ஹெக்டேர். 2000ல் கேட்டலன் அரசு வழங்கிய உயர் தகுதியை மாட்ரிட் 2009ல் அங்கீகரித்தது. அதே சமயத்தில் பாட்டிலில் கிராமத்தின் பெயரைப் போடும் உரிமையும் வந்தது. பின்னர் தனித் தோட்டங்களையும் தரவரிசைப்படுத்தினார்கள். 'முதிய கொடி' என்று போட்டுக்கொள்ளச் செடிக்கு 75 வயதாவது ஆகியிருக்க வேண்டும்.

குறை இல்லாமல் இல்லை. பணம் வந்த வேகத்தில் புல்டோசர்களும் வந்து, சரிவுகளை வெட்டி அகலப் படிகளாக்கின. இயந்திரம் ஏறியது, ஆனால் மலையின் முகம் மாறியது. லட்ச ரூபாய் பாட்டில்கள் மிகச் சில. பெரும்பாலோர் பிழைப்பது நடுத்தர விலை ஒயினிலும் வெறும் திராட்சை விற்பனையிலும்தான். விலை சரிந்தால் அவர்கள் பாடு மறுபடியும் பழைய எடைக் கணக்குக்கே திரும்பும்.

அதைவிடப் பெரிய கவலை வானம். 2021 முதல் கேட்டலோனியாவைச் சில ஆண்டுகள் வாட்டிய வறட்சியில், எதையும் தாங்கும் என்று நம்பப்பட்ட முதிய கொடிகளே சரிவுகளில் காய்ந்து செத்தன. அறுவடை வெகுவாக வீழ்ந்தது. பழைய புண் ஒன்றும் வலிக்கத் துவங்கியது: பிரியோராட்டில் ஓடும் சியுரானா ஆற்றின் அணைத் தண்ணீர், மலையைத் தாண்டி ரெயுஸ் பக்கத்துக் கடலோரச் சமவெளிக்குத் திருப்பிவிடப்படுகிறது. ஆற்றில் தண்ணீர் விடக் கோரி மலைக்காரர்கள் போராடி வருகிறார்கள். ஒரு காலத்தில் ஆட்களை இழுத்துக்கொண்ட அதே சமவெளி இன்று தண்ணீரையும் இழுக்கிறது என்பது அவர்களின் ஆதங்கம்.

2025 வசந்தத்தில் கேட்டலோனியாவில் நல்ல மழை பெய்து அணைகள் நிறைந்தன. மூச்சு திரும்பியிருக்கிறது. ஆனால் செத்த செடிக்கு மாற்று நட்டாலும், அதன் பாட்டிலில் 'முதிய கொடி' என்று எழுத இன்னும் 75 ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். பிரியோராட்டில் விலை ஏறியது ஒரே தலைமுறையில். அந்த விலைக்குக் காரணமான செடிகளை நட்டவர்களோ, இரண்டு மூன்று தலைமுறைகளுக்கு முன் எடைக்கு விற்றுவிட்டுப் போனவர்கள்.