பல்கலைக்கழகத்தில் குப்பி என்றால் என்ன?

குப்பி என்ற சொல்லைக் கேட்டால் எங்கள் உம்மாவுக்கு மண்ணெண்ணெய் வாசம்தான் ஞாபகம் வரும். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது உம்மாவுக்குப் பத்து வயது. எருக்கலம்பிட்டியிலிருந்து வள்ளத்தில் வந்து கற்பிட்டிக் கரையில் இறங்கிய குடும்பங்களில் அவர்களுடையதும் ஒன்று. கிடுகுக் குடிலுக்கு மின்சாரம் ஏது? வெறும் போத்தல் மூடியில் துளை போட்டுத் திரியைச் செருகி, மண்ணெண்ணெய் ஊற்றினால் அதுதான் குப்பி விளக்கு. ஒரு விளக்கைச் சுற்றி நான்கைந்து பிள்ளைகள் உட்கார்ந்து படிப்பார்களாம். ஆளுக்கொரு விளக்குக் கொளுத்த எவரிடமும் எண்ணெய் இருக்கவில்லை.

எங்கள் தெருவிலிருந்து பல்கலைக்கழகத்துக்குப் போன ராத்தா ஒருவர் போன விடுமுறையில் வீட்டுக்கு வந்திருந்தார். பேச்சோடு பேச்சாக, "நாளைக்கு இரவு எனக்குக் குப்பி இருக்கு, சாச்சி" என்றார். உம்மா திகைத்துப்போய், "கெம்பஸ்லயும் கரண்ட் இல்லையா மகள்?" என்று கேட்டார். ராத்தா சிரித்த சிரிப்பில் தேநீர் கொட்டியது. அன்று அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதையும், அதன்பின் தேடி வாசித்ததையும் வைத்தே இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். அடுத்த வருடம் பல்கலைக்கழகம் போக நினைக்கும் மாணவிகளுக்கும், அனுப்புவதா வேண்டாமா என்று யோசிக்கும் பெற்றோருக்கும் இது பயன்படும் என நம்புகிறேன்.

குப்பி என்பது மாணவர்களுக்கு மாணவர்களே நடத்தும் வகுப்பு. இலங்கையின் பல்கலைக்கழகங்களில் சிங்கள மாணவர்களும் தமிழ் பேசும் மாணவர்களும் இதே சொல்லைத்தான் பாவிக்கிறார்கள். அந்தக் காலத்தில் குப்பி விளக்கைச் சுற்றியிருந்து படித்ததால் வந்த பெயர் என்று சொல்வார்கள். இதற்குக் கட்டணமில்லை, வரவுப் பதிவேடும் இல்லை. பரீட்சைக்குச் சில வாரங்களுக்கு முன் வட்ஸ்அப் குழுவில் ஓர் அறிவித்தல் வரும்: இன்ன பாடம், இன்ன இடம், இத்தனை மணிக்கு. சிலவேளை சீனியர் ஒருவர் வந்து கடந்தகால வினாத்தாள்களைச் செய்து காட்டுவார். பலவேளை அதே பட்ச்சில் அந்தப் பாடம் விளங்கிய ஒருவர் விளங்காத மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பார். புள்ளிவிபரவியல் கற்பித்தவர் மறுநாள் கணக்கீட்டுக் குப்பியில் மாணவராகப் பின்வரிசையில் உட்கார்ந்திருப்பார். கொரோனாக் காலத்தில் குப்பி சூமுக்குப் போனது. இப்போது நேரிலும் நடக்கிறது, சூமிலும் நடக்கிறது.

நாம் உயர்தரத்தில் உயிரியலையும் இரசாயனத்தையும் தமிழில் படிக்கிறோம். பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்தில் விரிவுரை ஆங்கிலத்தில்தான் நடக்கும். விரிவுரையாளர் ஒரு மணித்தியாலத்தில் சொல்லி முடிப்பதில் பாதி நமக்கு வேகத்தாலேயே தவறிவிடும். "இது நாங்க ஏஎல்ல படிச்ச சவ்வூடு பரவல்தான், இங்க வேற பெயர்ல வருது" என்று ஒருவர் தமிழில் சொல்லும்போதுதான் மூடியிருந்த கதவு திறக்கும். அந்த ஒரு வசனத்துக்காகவே குப்பிக்குப் போகலாம் என்றார் ராத்தா.

ஆனால் அவர் முதல் வருடத்தில் ஒரு குப்பிக்கும் போகவில்லை. மஃரிபுக்குப் பின் அறையைவிட்டு வெளியே போகக்கூடாது என்பது வீட்டுக் கட்டளை. உம்மா தினமும் கோல் எடுத்து, "அறையில்தானே?" என்று கேட்பாராம். ராத்தாவும் அறையில்தான் இருந்தார், உண்மையாகவே படித்தார். விரிவுரைக் குறிப்புகளை மூன்று தடவை எழுதினார். பெறுபேறு வந்தபோது இரண்டு பாடங்களில் சித்தியில்லை. அவரைவிடக் குறைந்த இசட் புள்ளியோடு வந்த தோழிகள் சித்தியடைந்திருந்தார்கள். "நான் மக்கு என்று நினைத்து அழுதேன்" என்றார். எங்கள் தெருவில் அவரை மக்கு என்று சொல்ல ஒருவரும் இல்லை.

இதே கதை வேறொரு நாட்டில் ஆராயப்பட்டிருக்கிறது என்று பிறகு வாசித்து அறிந்தேன். 1970களில் அமெரிக்காவின் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில், பேர்க்லி நகரில், யூரி ட்ரைஸ்மன் என்பவர் ஒரு புதிரைக் கவனித்தார். கறுப்பின மாணவர்கள் பலர் முதல் வருட நுண்கணிதத்தில் தோற்றார்கள். சீன வம்சாவளி மாணவர்கள் சிறப்பாகச் செய்தார்கள். ஆர்வம் போதாது, வீட்டில் ஊக்கமில்லை, அடிப்படை பலவீனம் என்றெல்லாம் மற்றவர்கள் காரணம் சொன்னார்கள். ட்ரைஸ்மன் அவர்களோடு பழகி, அவர்கள் எப்படிப் படிக்கிறார்கள் என்று பார்த்தார். ஊக்கத்தில் குறைவில்லை. கறுப்பின மாணவர்கள் தனித்தனியாக அறையில் இருந்து கடுமையாகப் படித்தார்கள். சீன மாணவர்கள் தனியாகப் படித்த பின் ஒன்றுகூடி, ஒருவர் விடையை மற்றவர் சரிபார்த்து, பிழையைத் திருத்திக்கொண்டார்கள். தான் எங்கே பிழைவிடுகிறோம் என்பது தனியாக இருந்தவருக்குப் பரீட்சை மண்டபத்தில்தான் தெரிந்தது. ட்ரைஸ்மன் அவர்களைக் குழுவாக இருத்திக் கடினமான கணக்குகளைக் கொடுத்தார். பெறுபேறுகள் நன்றாக உயர்ந்தன.

இதை வாசித்தபோது எனக்கு எங்கள் ஊர்தான் நினைவுக்கு வந்தது. நம்மிடையே "நல்ல பிள்ளை" என்றால் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகப் படிக்கிற பிள்ளை. புத்தளம் பின்தங்கிய 16 மாவட்டங்களில் ஒன்றாக வகைப்படுத்தப்பட்டிருப்பதால், பெரும்பாலான பாடநெறிகளுக்கு மாவட்ட ஒதுக்கீட்டோடு அந்த மாவட்டங்களுக்கான 5 சதவீத ஒதுக்கீட்டிலும் நமக்கு வாய்ப்பு உண்டு. நுழையும்வரை மாவட்டம் கைகொடுக்கும். நுழைந்தபின் கொழும்புப் பிள்ளைக்கும் கற்பிட்டிப் பிள்ளைக்கும் ஒரே வினாத்தாள்தான்.

பெற்றோரின் பயம் காரணமில்லாத பயம் என்று நான் சொல்லமாட்டேன். பகிடிவதை உண்மையாக நடக்கிறது. 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டப்படி அது குற்றம். இரண்டு ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை உண்டு. ஆனாலும் சில இடங்களில் பகிடிவதைக்கு இணங்காதவர்களைக் குப்பியிலிருந்து ஒதுக்கிவைப்பார்களாம், குறிப்புகளையும் கொடுக்கமாட்டார்களாம். ஒற்றுமை வளர்க்கிறோம் என்று சொல்லிக்கொண்டு ஒருவரை அவமானப்படுத்துவது என்ன ஒற்றுமையோ எனக்கு விளங்கவில்லை. அப்படிப்பட்ட இடத்தில் ஒதுக்கப்பட்ட நான்கு பேர் சேர்ந்தாலே தனியாக ஒரு குப்பி ஆகிவிடும். ராத்தாவும் இரண்டாம் வருடத்தில் அதைத்தான் செய்தார். விடுதியின் வாசிப்பறையில், இஷாவுக்குப் பின், பெண்கள் மட்டும். முதல் நாள் மூன்று பேர் வந்தார்கள். அதில் ஒருவர் குருநாகலைச் சேர்ந்த சிங்கள மாணவி. நம் கரையில் மீன் ஏலத்திலும் பஸ்ஸிலும் பழகிய சிங்களம் அங்கே பௌதிகம் படிக்க உதவியது என்று ராத்தா பெருமையாகச் சொன்னார். விட்ட பாடங்கள் இரண்டையும் அந்த வருடமே எழுதிச் சித்தியடைந்தார்.

கட்டிடத்துக்கு முன்பே கூட்டம் சேர்ந்த ஒரு பல்கலைக்கழகமும் நமக்குத் தெரியும். யுத்தத்தால் கிழக்கின் முஸ்லிம் மாணவர்கள் வந்தாறுமூலையில் படிப்பைத் தொடர முடியாமல் போனபோது, மர்ஹூம் எம்.எச்.எம். அஷ்ரப் அவர்களின் முயற்சியால் 1995 ஒக்டோபரில் அட்டாளைச்சேனையில் ஓர் இரவல் இடத்தில் தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி ஆரம்பமானது. முதல் மாணவர்கள் 33 பேர். 1996 மே மாதம் அது முழுமையான பல்கலைக்கழகமாகி, பின்னர் ஒலுவிலில் வளர்ந்தது. இன்று நம் மாவட்டத்துப் பிள்ளைகளும் ஓர் இரவு முழுக்க பஸ்ஸில் இருந்து அந்தக் கரைக்குப் படிக்கப் போகிறார்கள்.

கற்பிப்பவர்களும் இதிலிருந்து விலகி நிற்பவர்கள் அல்லர். புதிதாகச் சேரும் விரிவுரையாளர்கள், எப்படிக் கற்பிப்பது என்பதற்கான பயிற்சிநெறி ஒன்றைப் படிக்க வேண்டும். வெவ்வேறு பீடத்தவர்கள் அங்கே ஒன்றாக மாணவர்களாகிறார்கள். அதைவிட எனக்குப் பிடித்த செய்தி, பல பல்கலைக்கழகங்களின் விரிவுரையாளர்கள் சேர்ந்து கல்வி பற்றி ‘தி ஐலண்ட்’ ஆங்கிலப் பத்திரிகையில் எழுதும் தொடருக்கு வைத்த பெயர்: ‘குப்பி டோக்’. மாணவர்களின் சொல்லை ஆசிரியர்கள் இரவல் வாங்கியிருக்கிறார்கள். மத்ரஸாவில் ஓதும் நானாமாருக்கு இதெல்லாம் புதினமாக இராது. உஸ்தாத் நடத்திய பாடத்தை இரவில் கூடியிருந்து ஒருவருக்கொருவர் மீட்டிச் சொல்வதற்கு அவர்கள் முதாகரா என்று பெயர் வைத்து எத்தனையோ காலம்.

ராத்தா திரும்பிப் போவதற்கு முன் எனக்குச் சொன்ன சில விடயங்களை இங்கே எழுதிவிடுகிறேன். குப்பிக்கு வெறுங்கையோடு போகக்கூடாது. விளங்காத இடத்தைக் குறித்துக்கொண்டு போக வேண்டும். ஆறேழு பேருக்கு மேல் சேர்ந்தால் கேள்வி கேட்க வெட்கம் வந்துவிடும். எப்போதும் ஒருவரே கற்பித்தால் அது ரியூசன் ஆகிவிடும், ஆகவே முறை மாற வேண்டும். குப்பியிலும் பிழை கற்பிக்கப்படலாம். சந்தேகம் வந்தால் மறுநாள் விரிவுரையாளரிடம் சேர்ந்துபோய்க் கேட்க வேண்டும். வீட்டுக்கு முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். "இப்போ உம்மா கோல் எடுத்தா, ‘இண்டைக்கு யாரு படிப்பிச்ச? என்ன பாடம்?’ என்றுதான் கேட்கிறா" என்றார்.

பல்கலைக்கழகம் போகும்வரை காத்திருப்பானேன் என்று நாங்கள் ஐந்து பேர் சனிக்கிழமைகளில் அஸருக்குப் பின் எங்கள் வீட்டுத் திண்ணையில் குப்பி ஆரம்பித்திருக்கிறோம். உம்மா இஞ்சித் தேநீர் தருவார். கதவோரம் நின்று கேட்டுக்கொண்டும் இருப்பார். இதுவரை மூன்று நடந்துவிட்டன. முதலாவதில் படிப்பைவிடப் பேச்சே அதிகம். வருகிற சனிக்கிழமை சேதன இரசாயனம்; என்னுடைய முறை. பென்சீன் பகுதி எனக்கே இன்னும் சரியாக விளங்கவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் விளங்கியாக வேண்டும்.