மஞ்சள் கருவுக்குள் ஓமம்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முட்டைக்கோழிகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். கொழுப்பில் கரையும் சிவப்புச் சாயத்தை ஒரே ஒரு நாள் தீவனத்தில் கலந்து கொடுத்தார்கள். பிறகு அந்தக் கோழி இட்ட முட்டைகளை வேகவைத்துக் குறுக்கே வெட்டிப் பார்த்தால், மஞ்சள் கருவுக்குள் மெல்லிய சிவப்பு வளையம் தெரிந்தது. முதலில் இட்ட முட்டையில் வளையம் ஓரத்தில் இருந்தது. நாளாக நாளாக இட்ட முட்டைகளில் அது உள்ளே உள்ளே போய்க்கொண்டிருந்தது.

இதற்குக் காரணம் கோழியின் சினைப்பையில்தான் இருக்கிறது. அங்கே எந்த நேரமும் பல மஞ்சள் கருக்கள் வெவ்வேறு பருமனில் வளர்ந்துகொண்டிருக்கும். ஒவ்வொன்றும் கடைசிப் பத்து நாட்களில், வெங்காயம் போல அடுக்கடுக்காக வேகமாய்ப் பருக்கிறது. ஆகவே இன்றைக்குக் கொத்தித் தின்ற தீவனத்தின் கொழுப்பு, நாளைய முட்டைக்கும் போகும், அடுத்த வாரத்து முட்டைக்கும் போகும்.

முட்டைக்கோழி வளர்ப்பவர்களின் பெரிய சிக்கலும் இங்கேதான் தொடங்குகிறது. கறிக்கோழிக்கு ஆன்டிபயாடிக் கொடுத்தால், அறுப்பதற்குச் சில நாட்கள் முன்பே நிறுத்திவிடலாம். மருந்து உடம்பைவிட்டுப் போய்விடும். முட்டைக்கோழிக்கு அப்படி ஓர் இடைவெளி கிடையாது. அது அநேகமாக தினமும் முட்டையிடுகிறது, அந்த முட்டை தினமும் யாரோ ஒருவர் தட்டுக்குப் போகிறது. நாமக்கல் பண்ணைகளில் இருந்து கிளம்பும் முட்டைகளில் ஒரு பங்கு நம் பள்ளிப் பிள்ளைகளின் சத்துணவுத் தட்டில் விழுகிறது என்பதை நினைத்தால், மருந்து எச்சம் என்பது வெறும் ஆய்வகச் சொல் அல்ல என்று புரியும்.

1940-களின் கடைசியில், அமெரிக்காவின் லெடர்லி ஆய்வகத்தில், ஆரியோமைசின் தயாரித்தபின் மிஞ்சிய சக்கையைத் தின்ற குஞ்சுகள் மற்றவற்றைவிட வேகமாய் வளர்வதைக் கண்டார்கள். அதன் பிறகு உலகம் முழுக்கத் தீவனத்தில் சிறிதளவு ஆன்டிபயாடிக் கலப்பது வழக்கமாகிவிட்டது. மருந்துக்கு மசியாத பாக்டீரியாக்கள் பெருகின. வளர்ச்சிக்காகத் தீவனத்தில் ஆன்டிபயாடிக் கலப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜனவரி முதல் முற்றிலும் நிறுத்தியது. கொலிஸ்டின் என்ற கடைசிக்கட்ட மருந்தைக் கால்நடைகளுக்கும் கோழிகளுக்கும் கொடுக்க இந்தியா 2019-இல் தடை விதித்தது.

அந்த இடத்தை நிரப்பத் தேடியவர்கள் வந்து நின்றது, நம் அஞ்சறைப்பெட்டிப் பொருள்களின் வாசனையில். ஓமத்தை நசுக்கினால் மூக்கில் ஏறுகிறதே, அது பெரும்பாலும் தைமால் என்ற பொருள். ஓம எண்ணெயில் ஏறத்தாழப் பாதி அதுதான். முதல் உலகப் போருக்கு முன்பு இந்திய ஓமத்தை வாங்கித்தான் ஜெர்மனியில் தைமால் வடித்தார்கள். சளிக்குக் கொடுக்கும் கற்பூரவள்ளி இலையில் இருப்பது கார்வக்ரால். இரண்டிலும் பத்து கார்பன், பதினான்கு ஹைட்ரஜன், ஒரு ஆக்சிஜன். ஆக்சிஜனும் அதோடு ஒட்டிய ஹைட்ரஜனும் உட்காரும் இடம் மட்டும் வேறு.

அந்த ஒரு ஆக்சிஜன்-ஹைட்ரஜன் இணை எவ்வளவு முக்கியம் என்பதைத் தென்காசி மாவட்டத்து ராயகிரிக்காரர்கள் பக்கத்திலேயே பார்க்கலாம். தெற்கே புளியங்குடி எலுமிச்சைக்குப் பேர் போன ஊர். எலுமிச்சைத் தோலைப் பிதுக்கினால் பீச்சும் எண்ணெயில் மிகுந்திருப்பது லிமோனீன். அதற்கும் பத்து கார்பன்தான். ஆனால் அந்த இணை இல்லை. வாசனை தூக்கலாக இருந்தும், பாக்டீரியாவைக் கொல்வதில் லிமோனீன் தைமாலுக்குப் பின்னால்தான் நிற்கிறது.

தைமால் செய்யும் வேலை இது. பாக்டீரியாவைச் சுற்றியிருக்கும் சவ்வு கொழுப்பால் ஆனது. தைமால் அந்தக் கொழுப்புக்குள் கரைந்து புகுந்து, சவ்வைத் தளர்த்துகிறது. உள்ளிருக்கும் பொட்டாசியம் வெளியே கசிகிறது. சவ்வின் இரு பக்கமும் மின்னூட்ட வித்தியாசத்தைக் காத்து, அதிலிருந்துதான் பாக்டீரியா தன் ஆற்றலை எடுக்கிறது. அந்த வித்தியாசம் குலைந்ததும் அது ஓய்ந்துபோகிறது. செடி தன்னைத் தின்ன வருபவற்றுக்கு எதிராகச் சேர்த்துவைத்த ஆயுதத்தை நாம் கோழியின் குடலுக்குள் இறக்குகிறோம்.

அளவு மிகக் கொஞ்சம். ஆய்வுகளில் பெரும்பாலும் ஒரு கிலோ தீவனத்துக்கு 100 முதல் 300 மில்லிகிராம் எண்ணெய் கலக்கிறார்கள். கோழி ஒரு நாளில் தின்பது சுமார் 110 கிராம் என்றால், அதற்குப் போய்ச் சேரும் எண்ணெய் ஒரு துளி அளவுதான். அந்தத் துளியும் போக வேண்டிய இடத்துக்குப் போவதில்லை. பாக்டீரியாக்கள் கூட்டமாய் இருப்பது குடலின் கடைசிப் பகுதியில். எண்ணெயோ குடலின் மேல்பகுதியிலேயே உறிஞ்சப்பட்டுவிடுகிறது. தீவனத்தைச் சூடாக்கிக் குச்சியாக அழுத்தும்போது ஒரு பங்கு ஆவியாகிறது. மூட்டையில் கிடக்கையில் இன்னொரு பங்கு பறக்கிறது. எண்ணெயைக் கொழுப்பு உறைக்குள் நுண்ணிய மணிகளாக அடைத்து, கீழ்க்குடலில் கரையும்படி செய்வதுதான் இப்போதைய உத்தி. மூலிகைத் தீவனம் என்று விற்கப்படுவதை வாங்குபவர் எந்தச் செடி என்று கேட்பதோடு நிற்காமல், எப்படி அடைத்திருக்கிறார்கள் என்றும் கேட்க வேண்டும்.

பலன்? சில ஆய்வுகளில் முட்டை எண்ணிக்கையும் ஓட்டின் உறுதியும் கூடின. வேறு சிலவற்றில் வித்தியாசமே இல்லை. சுத்தமான கொட்டகையில், நோயில்லாத கோழிக்கு எண்ணெய் செய்வதற்கு அதிக வேலை இல்லை என்பதே எனக்குப் பொருத்தமான விளக்கமாகப் படுகிறது. சித்திரை வெயிலில் கோழி வாய் பிளந்து மூச்சிரைக்கும்போது, ரத்தத்தின் கார்பன் டை ஆக்சைடு வெளியேறி, ஓட்டுக்குத் தேவையான கார்பனேட் குறைந்து, ஓடு மெலிகிறது. அதற்கு மருந்து நிழலும் குளிர்ந்த தண்ணீரும்தான், ஓம எண்ணெய் அல்ல.

என்னை வியக்கவைப்பது வேறொன்று. சிவப்புச் சாயம் போன அதே வழியில் தைமாலும் மஞ்சள் கருவுக்குப் போய்ச் சேருகிறது. ஆன்டிபயாடிக் விஷயத்தில் ஆபத்தாக இருந்த பாதை, இங்கே உதவியாக மாறுகிறது: இத்தகைய எண்ணெய் தின்ற கோழிகளின் முட்டையில், கொழுப்பு ஆக்சிஜனோடு சேர்ந்து கெடுவது குறைந்ததைப் பல ஆய்வுகள் அளந்திருக்கின்றன. கோழிக்குக் கொடுத்த ஓமம், கோழியைத் தாண்டி முட்டையையும் காக்கிறது.

ராயகிரிப் பக்கம் வீட்டில் வளரும் சிறுவிடைக் கோழிக்கு அளந்து போட்ட தீவனம் ஏது? குருணையும் கம்பும் போக, அதுவே கிளறித் தின்னும். சோர்ந்து நின்றால் சின்ன வெங்காயம், சீரகம், மிளகு, மஞ்சள், கீழாநெல்லி சேர்த்து அரைத்து உருண்டை பிடித்துக் கொடுப்பது தமிழ்நாட்டுக் கிராமங்களின் கைமருத்துவம். இதில் குடலுக்கு இதமானவை உண்டு. ஆனால் வெள்ளைக் கழிச்சல் வைரஸால் வருவது. அந்த வைரஸ் கோழியின் செல்லுக்குள்ளேயே புகுந்து பெருகுகிறது. பாக்டீரியாவின் சவ்வைக் குலைக்கும் எண்ணெய்க்கு அங்கே வேலையில்லை. கழிச்சல் கண்டபின் உருண்டை பிடிப்பது காலங்கடந்த காரியம். குஞ்சுக்கு முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து, எட்டாவது வாரத்தில் இறக்கையில் ஊசி: கால்நடை மருந்தகத்தில் கேட்டு இந்த இரண்டையும் முதலில் போட்டுவிட வேண்டும். ஓமமும் கற்பூரவள்ளியும் அதற்குப் பிறகு.